ஒரு சிறு கோடும் எங்கள் பழைய வானும்

சாவகச்சேரியில் இருக்கும் என் மாமியின் மகன் போன கிழமை தொலைபேசியில் அழைத்து, எங்களிடம் நிற்பதைப் போன்ற அதே வான், அதே 2007 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, மிருசுவிலில் ஒரு வீட்டில் விலைக்கு நிற்பதாகவும், விற்பவர் கேட்ட விலையிலிருந்து ஓரளவு இறங்கிவிட்டதாகவும் சொல்லி, எடுக்கலாமா என்று கேட்டான். எஞ்சின் எப்படி, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும், உதிரிப்பாகம் கிடைக்குமா என்பவையே அவன் எதிர்பார்த்த பேச்சு. நான் திருப்பிக் கேட்டது வாகனத்தின் அடையாள இலக்கமான செசி நம்பரைப் பற்றி ஒன்றுதான்: "மச்சான், செசி நம்பரில கோடு எந்த இடத்தில இருக்கு?" அவன் சிரித்தான். மூன்று வருடங்களுக்கு முன் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

வானுக்குரிய நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் நான்கு வருடம் ஓடிவிட்டு 2011 இல் எங்கள் வீட்டுக்கு வந்த இந்த வான், இன்றுவரை எங்களை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாள், செல்வச்சந்நிதி, நயினாதீவுக்குப் படகேறக் குறிகட்டுவான், கல்யாண வீடு, செத்த வீடு என்று எல்லாவற்றுக்கும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போய் வந்திருக்கிறது. பண்ணைப் பாலத்து உப்புக்காற்று படிக்கட்டு ஓரத்தில் இரண்டு இடத்தில் துருவைக் கொண்டுவந்ததைத் தவிர உடம்பில் குறையில்லை. பக்கக் கதவு இப்போதும் ஒரு விரலுக்கு இழுபட்டு, கடைசி அங்குலத்தில் "டொக்" என்று பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டு நாய் படலைக்கு ஓடிவரும்.

இப்படி நம்பி வைத்திருந்த வாகனத்துக்குள், அம்மா வழக்கமாக இருக்கும் இடதுபக்க முன் இருக்கைக்கு நேரே, பிழைத்தால் உலோகத் துண்டுகளை முகத்தில் வீசக்கூடிய பொருளொன்று வருடக்கணக்காக இருந்திருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்துதான் என் கோபம் தொடங்குகிறது.

அந்தப் பொருள், மோதலின்போது ஊதி ஆளைத் தாங்கவேண்டிய எயார்பாக். அதன் விவகாரம் உலகறிந்தது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த, பையை ஊதவைக்கும் இன்பிளேற்றர்களில் வாயுவை உண்டாக்குவதற்கு அமோனியம் நைத்திரேற்று பயன்பட்டது. உலர்த்தும் பொருள் சேர்க்காத வகைகளில், வெப்பமும் ஈரமும் வருடக்கணக்காக ஏறி இறங்க, அழுத்திச் செய்த அந்த வில்லைகள் உள்ளுக்குள் நொய்ந்துபோகின்றன. மோதலின்போது அவை எரியவேண்டிய வேகத்துக்கு மேலாக எரிய, உலோக உறையே பிளந்து, துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு ஆளை நோக்கி வருகின்றன. 2008 இல் சில ஆயிரம் வாகனங்களுடன் தொடங்கிய ரீகோல், அதாவது குறையுள்ள பாகத்தை மாற்ற வாகனங்களைத் திரும்ப அழைப்பது, உலகம் முழுவதும் ஏறத்தாழ 10 கோடி இன்பிளேற்றர்கள் வரை வளர்ந்தது. 2017 ஜூனில் அந்த நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2014 இல் அமெரிக்காவில் புளோரிடா, ஹவாய், புவேர்ட்டோ ரிக்கோ போன்ற, வெக்கையும் ஈரமும் கூடிய இடங்களின் வாகனங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அப்படியானால் யாழ்ப்பாணம் எந்த வகுப்பில் சேரும் என்பதை, பூட்டிய வானை நல்லூர் வீதியில் மத்தியானப் பூசை முடியும்வரை வெயிலில் விட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு மூடை யூரியா உரத்தைக்கூட ஆனையிறவு தாண்டிக் கொண்டுவர விடாத ஊருக்கு, அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு உரப்பொருள் டாஷ்போர்டுக்குள் சொகுசாக அமர்ந்து வந்து சேர்ந்ததை நினைத்தால், கோபத்துக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

திறப்பைத் திருப்பியதும் சில விநாடி எரிந்து அணையும் எயார்பாக் விளக்கு அணைந்துவிட்டால் எல்லாம் சரி என்றே நான் பல வருடம் நினைத்திருந்தேன். அந்த விளக்கு பார்ப்பது மின்சுற்றை மட்டுமே. வயர் அறுந்தால் அது சொல்லும். உள்ளே வில்லை நொய்ந்திருந்தால் அதற்குத் தெரியாது.

ஜப்பானிலேயே இருந்திருந்தால், பதிவேட்டில் உள்ள உரிமையாளருக்குக் கடிதம் போயிருக்கும். 2018 மே மாதத்திலிருந்து, ஆபத்துக் கூடிய இன்பிளேற்றரை மாற்றாத வாகனங்கள் அந்த நாட்டின் கட்டாயப் பரிசோதனையில் தேறவும் முடியாது. எங்கள் வான் அதற்கு ஏழு வருடம் முன்பே கப்பலேறிவிட்டது. கடிதங்கள் துறைமுகம் வரை வந்து திரும்பிப் போயின என்றுதான் வைத்துக்கொள்ளவேண்டும். இங்கே வருடாவருடம் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், அவர்கள் புகைக்குழாயில் கம்பியை விட்டுப் பார்த்து அனுப்புகிறார்கள். ஆகவே ரீகோல் உண்டா இல்லையா என்பதைத் தேடிப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழுகிறது.

நான் தேடாமல் இருந்தவன் அல்லன் என்பதால்தான் இன்னும் ஆறவில்லை. 2022 இல், எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் கிழமைக்கு இருபது லீற்றர் பெற்றோலுக்குப் பதிவு செய்தபோது செசி இலக்கம் கேட்டார்கள். வாகனப் பதிவுப் புத்தகமான சீ.ஆர். புத்தகத்தில் இருந்தபடியே, எழுத்தும் எண்ணும் ஒன்றோடொன்று ஒட்டியபடி அடித்தேன், ஏற்றுக்கொண்டது. அந்த இலக்கம் கைவசம் இருந்த துணிவில், வரிசையில் நின்ற நேரத்தில் கைபேசியில் ரீகோலையும் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அமெரிக்கத் தேடல் பக்கம் பதினேழு எழுத்து கேட்டது. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த வாகனங்களுக்குப் பதினேழு எழுத்து கிடையாது. முன்னால் வாகன இனத்தைக் காட்டும் எழுத்துகளும் எண்களும், பின்னர் ஒரு சிறு கோடு, அதன் பின் தொடர் எண், அவ்வளவுதான். எனவே உற்பத்தியாளரின் ஜப்பானிய மொழிப் பக்கத்துக்குப் போனேன். அங்கே இரண்டு பெட்டிகள், நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு முன்னால் உள்ளது முதல் பெட்டியில், பின்னால் உள்ளது இரண்டாவதில்.

என் புத்தகத்திலோ கோடு இல்லை. முன்பகுதியும் எண்ணில் முடிகிறது, பின்பகுதியும் எண்ணில் தொடங்குகிறது, எங்கே வெட்டுவது? எழுத்துகளை ஒரு பக்கமும் எண்கள் எல்லாவற்றையும் மறுபக்கமும் போடுவதுதான் முறை என்று நானாக முடிவு செய்து அடித்தேன். மொழிபெயர்ப்புச் செயலி தந்த பதில்: "பொருந்தும் வாகனம் இல்லை." ரீகோலுக்குப் பொருந்தும் வாகனம் இல்லை என்று நான் வாசித்தேன். அப்படி ஓர் இலக்கமுடைய வாகனமே தங்களிடம் இல்லை என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரே வசனம், இரண்டு கருத்து. அதில் நல்ல கருத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் நிம்மதியாக ஓடினேன், அம்மாவை முன்னுக்கு இருத்தி.

2024 இல் கொக்குவில் கராஜ் ஒன்றில் வேறு வேலைக்காக முன்பகுதியைத் திறந்து கழுவியபோது, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியத் தகடொன்று வெளித்தெரிந்தது. பையன் துணியால் ஒருமுறை துடைத்தான். அதே இலக்கம், ஆனால் நடுவில் ஒரு கோடு. நான் வெட்டிய இடத்திலிருந்து இரண்டு எண் தள்ளி. அங்கே நின்றபடியே கைபேசியை எடுத்துத் திரும்ப அடித்தேன். இந்த முறை ஒரு அட்டவணை விரிந்தது. முன் பயணிப் பக்க எயார்பாக், நடவடிக்கை எடுக்கப்படவில்லை. பையன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, சலான் ஏதும் வந்திட்டுதே?" என்று கேட்டான்.

அதன் பிறகு வந்த ஏழு மாதத்தை விரித்து எழுதினால் என் குணம் கெடும். உற்பத்தியாளரின் இலங்கை முகவரிடம் நாங்கள் வாங்கிய வாகனம் இல்லை இது. ஆனாலும் செய்து தருவோம், காசு வேண்டாம் என்று முகவர் தரப்பில் சொன்னார்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கோட்டோடு அனுப்பிய இலக்கத்தைக் கோடில்லாமல் பதிந்துவிட்டு, இலக்கம் பிழை என்று மூன்று முறை திருப்பி அனுப்பியதும் அதே தரப்புத்தான். மூன்றாவது முறை தகட்டைப் படமெடுத்து, கோட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். பிள்ளைகளின் கொப்பியில்கூட அவ்வளவு அழுத்தி நான் வட்டம் போட்டதில்லை.

அந்த ஏழு மாதமும் முன் இருக்கை வெறுமையாகவே போனது. அம்மாவுக்கு அமோனியம் நைத்திரேற்றை விளக்கி வெல்ல முடியவில்லை. "நான் என்ன கோழிக்குஞ்சே, பின்னுக்கு அடைச்சு வைக்க?" என்று கேட்டுவிட்டு, நடு வரிசையில் யன்னல் ஓரமாக, என்னோடு பேசாமல் சந்நிதி வரை வந்தார். இடையில் நல்லெண்ணத்தோடு வந்த யோசனைகளும் உண்டு. கொனெக்ரரைக் கழற்றிவிட்டு ஒரு றெசிஸ்ரரைப் போட்டால் விளக்கு எரியாது, கதை முடிந்தது என்றார் ஒருவர். விளக்கை ஏமாற்றலாம், மோதலை ஏமாற்ற முடியாது. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், கழற்றிய எயார்பாக் ஒன்று மலிவாக எடுத்துத் தருகிறேன் என்றார் இன்னொருவர். அதே வயது வாகனத்தில் கழற்றியது என்றால் அதே இன்பிளேற்றராக இருக்கவும்கூடும்; பாம்புக்குப் பயந்து புற்றுக்குள் கையை விடுவது போன்றது அது.

பாகம் வந்ததும் வானைக் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். போக நானூறு கிலோமீற்றர், வர நானூறு. பாகமும் கூலியும் இலவசம், பெற்றோலும் வெள்ளவத்தையில் ஓர் இரவும் என் கணக்கு. வேலையைப் பற்றி மட்டும் ஒரு குறையும் சொல்லமாட்டேன். இளம் தொழில்நுட்பர் ஒருவர் பற்றரியின் மறை (நெகற்றிவ்) வயரைக் கழற்றிவிட்டு, உடனே கைவைக்காமல், மணிக்கூட்டைப் பார்த்தபடி சில நிமிடம் காத்திருந்தார். மின்சுற்றில் மிச்சமிருக்கும் மின்னேற்றம் வடியவேண்டுமாம். பிறகு கையுறைப் பெட்டியை முழுதாக இறக்கி, மஞ்சள் நிறக் கொனெக்ரரை நகத்தால் நெம்பிக் கழற்றி, பழையதை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்து, மேற்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி மேசையில் வைத்தார். இன்பிளேற்றர் ஏறத்தாழ ஒரு நாலு பற்றரி ரோச் அளவு. அதில் ஒரு கீறல்கூட இல்லை. தரமுடியுமா என்று கேட்டேன். முடியாது, இவற்றைத் திருப்பி அனுப்பி அழிக்கவேண்டும் என்றார். ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. விளக்கு எரிந்து அணைந்தது. முன்பும் அப்படித்தான் எரிந்து அணைந்தது என்பதால் அதைப் பார்த்து எனக்கு எந்த நிம்மதியும் வரவில்லை. வேலைத் தாளில் செசி இலக்கம் கோட்டோடு அச்சாகியிருந்ததைப் பார்த்த பிறகே வந்தது.

முன் இருக்கைக்கு வரலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். நடு வரிசையில் காலை நீட்டி இருக்கலாம், பக்கக் கதவால் ஏறுவது முழங்காலுக்குச் சுகம் என்று சொல்லிவிட்டார். இப்போது அந்த இருக்கையில் அர்ச்சனைத் தட்டும் தண்ணீர்ப் போத்தலும்தான் பயணம் செய்கின்றன.

ஆகவே மச்சானுக்கு நான் சொன்ன முடிவு இது. எங்கள் வானை எவர் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். அவனை அதே வானை எடுக்கவேண்டாம் என்கிறேன். ஒரு வாய்க்குள் இரண்டு கதை என்று அவன் சொன்னது சரிதான், அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. வானில் பிழையில்லை, அதன் பின்னால் திரிந்த ஏழு மாதத்தை இன்னொருவனுக்குக் கொடுக்க மனமில்லை. அவன் பிடிவாதக்காரன், எப்படியும் எடுப்பான். எடுப்பதென்றால் முற்பணம் கொடுக்க முன்னர் இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நேற்று இரவு மிருசுவிலிலிருந்து படம் வந்தது. சீ.ஆர். புத்தகத்தின் படம். தகட்டைத் துடைத்து எடுக்கச் சொல்லித் திரும்ப அழைத்திருக்கிறேன்.