மாஸ்டடான்: வேண்டாத பதில்களிடமிருந்து எவ்வளவு பாதுகாப்பு?

பொதுவெளியில் எழுதுகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், ஒரு சமூக வலைத்தளத்தில் முதலில் பார்க்க வேண்டியது, வேண்டாத பதில் வந்து விழும்போது அதைத் தடுக்கும் அதிகாரம் தங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான். 2016இல் யூஜென் ரோச்கோ தொடங்கிய மாஸ்டடானை அந்த ஒன்றை மட்டும் வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

மாஸ்டடானுக்கு ஒரே முதலாளி கிடையாது. தனித்தனி நிர்வாகிகள் தங்கள் விதிகளோடு நடத்தும் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு சர்வர் முழுவதுமே வெறுப்பைப் பரப்பினால், மற்ற நிர்வாகிகள் அதன் பதிவுகள் பொதுப் பட்டியல்களில் தெரியாதபடி கட்டுப்படுத்தலாம், அல்லது தொடர்பையே துண்டிக்கலாம். 2019இல், தீவிர வலதுசாரிகள் கூடும் காப் என்ற தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியபோது பல சர்வர்கள் அதைத் துண்டித்தன. நிர்வாகி செய்யாவிட்டாலும், ஒரு சர்வர் முழுவதையும் நமக்கு மட்டும் பிளாக் செய்துகொள்ள முடிகிறது. பெரிய தளங்களில் எங்கும் நான் காணாத வசதி இது.

அன்றாட உபயோகத்தில் எனக்கு அதிகம் கைகொடுப்பது, 2024 அக்டோபரில் வந்த 4.3 பதிப்பின் நோட்டிஃபிகேஷன் வடிகட்டி. நாம் பின்தொடராதவர்கள், நம்மைப் பின்தொடராதவர்கள், கடந்த 30 நாட்களுக்குள் தொடங்கப்பட்ட கணக்குகள், கேட்காமல் தனிச்செய்தி அனுப்புகிறவர்கள் என வகை வகையாகப் பிரித்து, அவர்களுடைய அறிவிப்புகளைத் தனிப் பெட்டிக்கு அனுப்பிவிடலாம். அந்தப் பெட்டியைத் திறப்பதும் திறக்காமல் விடுவதும் நம் விருப்பம். ஒருவரை ஏற்றுக்கொண்டால் அவருடைய பதில்கள் வழக்கமான இடத்துக்கு வந்துவிடுகின்றன. வசை பாடுவதற்கென்றே நேற்றுத் தொடங்கிய கணக்கு நம் காலை நேரத்தைக் கெடுப்பதில்லை.

சொல் வடிகட்டியைத் தமிழுக்குப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘முட்டாள்’ என்று புள்ளியோடு கொடுத்தால், ‘முட்டாளே’, ‘முட்டாளுக்கு’ ஆகியவை தப்பிவிடும், ஏனெனில் வேற்றுமை உருபோ விளியோ சேரும்போது கடைசி எழுத்தின் புள்ளி போய்விடுகிறது. ஆகவே ‘முட்டாள’ என்று புள்ளியில்லாமல் எழுதி, முழுச் சொல்லாக மட்டும் பொருத்தும் தெரிவை நீக்கிவிட்டால் எல்லா வடிவங்களும் சிக்கும். எச்சரிக்கையோடு மறைப்பதா, கண்ணிலேயே படாமல் நீக்குவதா என்பதையும் அங்கேயே தீர்மானிக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஒரு பெரிய குறை இருக்கிறது. பொதுவாக வெளியிட்ட பதிவுக்கு யார் பதில் எழுதலாம் என்று எழுதியவரால் வரையறுக்க முடியாது. ஒருவரை பிளாக் செய்தால் அவருடைய பதில் நம் கண்ணிலிருந்து மறைகிறதே தவிர, மற்ற சர்வர்களில் இருப்பவர்கள் அதை நம் பதிவுக்குக் கீழேயே படித்துக்கொண்டிருக்கலாம். அவதூறுக்கு ஆளானவருக்கு இது ஆறுதலே அல்ல. ப்ளூஸ்கை என்ற மற்றொரு சமூக வலைத்தளத்தில் நாம் பின்தொடர்கிறவர்களுக்கு மட்டும் பதிலைத் திறந்துவைக்கலாம், முழுவதுமாக மூடலாம், குறிப்பிட்ட ஒரு பதிலை எல்லோருக்கும் மறைக்கலாம். இந்த விஷயத்தில் ப்ளூஸ்கை வெகுதூரம் முன்னால் இருக்கிறது. ஆனால் அங்கே யார் யாரை பிளாக் செய்தார்கள் என்பது பொதுத் தகவல். மிரட்டலுக்கு அஞ்சி ஒதுங்குகிறவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். மாஸ்டடானில் அந்தப் பட்டியல் பொதுவில் வெளியிடப்படுவதில்லை.

புகார் அளிக்கும் முறை நன்றாக அமைந்திருக்கிறது. வேறு சர்வரில் இருப்பவரைப் பற்றிய புகாரின் பிரதியை, நம் பெயர் இல்லாமல் அந்தச் சர்வரின் நிர்வாகிக்கும் அனுப்பலாம். எனினும் அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், நயமான சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் சாதி வசவு அவருக்கு வெறும் எழுத்துக்கோவைதான். புகாரோடு ஆங்கிலத்தில் இரண்டு வரி விளக்கமும் சேர்ப்பது அவசியமாகிறது.

எனவே எந்தச் சர்வரில் சேர்கிறோம் என்பதே பாதிப் பாதுகாப்பு. 2024 பிப்ரவரியில் பரவிய ஸ்பேம் அலை, நிர்வாகிகள் கவனிக்காமல், யாரும் புதிய கணக்குத் தொடங்கும்படி திறந்துவைத்திருந்த சிறு சர்வர்கள் வழியாகத்தான் வந்தது. நிர்வாகம் ஒரு வாரத்துக்கு மேல் செயல்படாவிட்டால் புதிய கணக்குகளுக்கு ஒப்புதல் தேவைப்படும்படி தானே மாறும் ஏற்பாடு அதன்பிறகே மென்பொருளில் சேர்க்கப்பட்டது. கணக்குத் தொடங்குமுன் அந்தச் சர்வரின் அறிமுகப் பக்கத்தைத் திறந்து, விதிகளையும், வெளியிட்டிருந்தால் துண்டிக்கப்பட்ட சர்வர்களின் பட்டியலையும் அதற்கான காரணங்களையும் படியுங்கள். விதிகள் பெயரளவுக்கு மட்டும் இருக்கும் சர்வரை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.