அடிபட்ட அமெரிக்கப் படைவீரருக்கு மருத்துவம் சாராத உதவி: எது கைகொடுக்கிறது, எங்கே இடறுகிறது

அமெரிக்க ராணுவத்தில் ஒருவருக்குப் பலத்த அடி பட்டாலோ பெரிய நோய் வந்தாலோ, அறுவை சிகிச்சைக்கும் மருந்துக்கும் செயற்கைக் காலுக்கும் குடும்பம் அலைய வேண்டியதில்லை. அது திண்டாடுவது மற்ற விஷயங்களில்தான். மருத்துவமனை இருக்கும் ஊரில் எங்கே தங்குவது? பார்த்துக்கொள்வதற்காக மனைவி வேலையை விட்டால் வாடகை எப்படிக் கட்டுவது? இந்த மாதச் சம்பளத்தில் ஏன் திடீரென்று பிடித்தம்? எந்தப் படிவத்தை யாரிடம் கொடுப்பது? இதற்கெல்லாம் பதில் சொல்ல ராணுவம் வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு 'நான்-மெடிக்கல் கேர்' என்று பெயர். அதை ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு மதிப்பிடுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சேவை நல்ல சேவை. ஆனால் எதுவும் தானாக வீடு தேடி வராது. கேட்டால் வரும், எழுத்தில் கேட்டால் நிலைக்கும். படையை விட்டு விலகும் நாளையொட்டிய சில மாதங்கள்தான் இதில் மிகப் பலவீனமான இடம்.

2007 பிப்ரவரியில், வாஷிங்டனில் இருந்த வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் வெளிநோயாளிகளாகத் தங்கியிருந்த வீரர்களின் நிலையைச் செய்தித்தாள் ஒன்று வெளிக்கொண்டு வந்தது. பூஞ்சை பிடித்த சுவர்களைவிட நாட்டை உலுக்கியது வேறு விஷயம்: தலையில் அடிபட்டவர்கள் துணைக்கு ஆளில்லாமல் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்றைய ஏற்பாடு அதற்குப் பிறகு, 2008ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே உருப்பெற்றது. ஒவ்வொரு படைக்கும் தனித்தனி அமைப்பு. தரைப்படைக்கு ஆர்மி ரெகவரி கேர் புரோகிராம். மரைன் படைக்குக் குவான்டிகோவைத் தலைமையிடமாகக் கொண்ட வூண்டட் வாரியர் ரெஜிமென்ட். கடற்படை, கடலோரக் காவல்படை இரண்டுக்கும் நேவி வூண்டட் வாரியர். விமானப்படைக்கும் விண்வெளிப் படைக்கும் ஏர் ஃபோர்ஸ் வூண்டட் வாரியர். சிறப்புப் படையினருக்குத் தனியாக வாரியர் கேர் புரோகிராம். 'வூண்டட்' என்ற பெயரைப் பார்த்து, போரில் குண்டடி பட்டவர்களுக்கு மட்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. பயிற்சியில் முதுகெலும்பு உடைந்தவர், சாலை விபத்தில் சிக்கியவர், புற்றுநோய் கண்டவர் எல்லோரும் இதில் சேரலாம்.

இந்தச் சேவையின் உயிர்நாடி ஆர்.சி.சி. எனப்படும் ரெகவரி கேர் கோஆர்டினேட்டர். மருத்துவமனையின் கேஸ் மேனேஜர் வேறு, இவர் வேறு. கேஸ் மேனேஜர் சிகிச்சையைப் பார்ப்பார், ஆர்.சி.சி. வாழ்க்கையைப் பார்ப்பார். குடும்பத்தோடு உட்கார்ந்து இவர் தயாரிப்பதுதான் சி.ஆர்.பி. என்ற மீட்புத் திட்டம். நல்ல திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு விஷயங்கள் இருக்கும்: என்ன இலக்கு, என்ன செய்ய வேண்டும், செய்ய வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள். 'வீட்டு வசதி குறித்து ஆராயப்படும்' என்று ஒரு வரி இருந்தால் அதை ஏற்காதீர்கள். 'சக்கர நாற்காலி நுழையும் 36 அங்குல வாசலுள்ள குடியிருப்புக்கு விண்ணப்பம், பொறுப்பு ஆர்.சி.சி., இம்மாதம் 20க்குள்' என்று இருக்க வேண்டும். வீரரோடு, கூட இருந்து பார்த்துக்கொள்பவரும் அதில் கையெழுத்திட்டு ஒரு நகல் வாங்கிக்கொள்ளலாம். அந்த நகல் கையில் இருப்பது மிக முக்கியம். ஒருங்கிணைப்பாளர் வேலை மாறிப் போவதும் புதியவர் வந்து முதலிலிருந்து கேட்பதும் அடிக்கடி நடக்கும். கையில் நகல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

தங்குமிடத்துக்கு ஃபிஷர் ஹவுஸ். 1990ல் சகரி ஃபிஷர், எலிசபெத் ஃபிஷர் தம்பதி தொடங்கிய இந்த இல்லங்களுக்குத் தாராளமாக முழு மதிப்பெண் கொடுக்கலாம். ராணுவ மருத்துவமனைகளுக்கும், முன்னாள் படைவீரர்களுக்கான வெட்டரன்ஸ் மருத்துவமனைகளுக்கும் அருகிலேயே இருக்கும். வாடகை கிடையாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அறை, சமையலறையும் துணி துவைக்கும் இடமும் எல்லோருக்கும் பொது. ஓட்டலில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது: ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் அடுப்பு, அதே நிலையில் இருக்கும் இன்னொரு குடும்பத்தின் பேச்சுத் துணை. ஒரே சிக்கல், ஓட்டல் அறைபோல நீங்களே பதிவு செய்ய முடியாது. மருத்துவமனையின் சமூகப் பணியாளர் பரிந்துரைக்க வேண்டும், இடம் நிறைந்திருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும். அதனால் வீரரை வேறு மருத்துவமனைக்கு மாற்றப்போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே கேட்டுவையுங்கள். அரசுச் செலவில் பயணம் கிடைக்காதவர்களுக்கு, மக்கள் நன்கொடையாகத் தந்த விமான மைல்களைக் கொண்டு டிக்கெட் எடுத்துத் தரும் ஹீரோ மைல்ஸ் திட்டமும் இந்த அறக்கட்டளையுடையதுதான்.

அரசுச் செலவில் வரும் வழிகள் இரண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நிலைமை கவலைக்கிடமாக இருக்கும்போது படுக்கையருகே வருவதற்கு, பொதுவாக மூன்று பேர் வரை, பயண உத்தரவு தருவார்கள். அது முடிந்த பின், நீண்ட நாள் கூட இருக்க ஒருவரை 'நான்-மெடிக்கல் அட்டெண்டன்ட்' என்று நியமிப்பார்கள். மருத்துவர் தேவை என்று எழுத வேண்டும், மருத்துவமனை நிர்வாகம் ஒப்ப வேண்டும். நியமனமானால் பயணச் செலவும் தினப்படியும் உண்டு. பணம் நின்றுபோவதற்கு வழக்கமான காரணம், உத்தரவிலுள்ள முடிவுத் தேதியை யாரும் கவனிக்காமல் விடுவது. தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நீட்டிப்பு கேளுங்கள். டிடி 1351-2 என்ற பயணப் படிவத்தை மாதா மாதம் கொடுத்துவிடுங்கள். தங்குமிட ரசீது எல்லாவற்றையும், மற்றவற்றில் 75 டாலரும் அதற்கு மேலும் ஆன ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

பெரிய தொகை வருவது டி.எஸ்.ஜி.எல்.ஐ. என்ற காயக் காப்பீட்டில். படைவீரரின் ஆயுள் காப்பீட்டோடு சேர்ந்தே வருகிறது, மாதம் 1 டாலர் பிரீமியம். காயத்தைப் பொறுத்து 25,000 முதல் 1,00,000 டாலர் வரை. கை, கால், பார்வை இழப்புக்கு அட்டவணை தெளிவாக இருக்கிறது, தகராறு குறைவு. நிராகரிப்புகள் குவிவது 'அன்றாடச் செயல்கள்' என்ற பிரிவில். குளித்தல், உடுத்தல், உண்ணுதல், கழிப்பறை போதல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் என்ற ஆறில் குறைந்தது இரண்டைத் தொடர்ந்து பிறர் உதவியின்றிச் செய்ய முடியாமல் இருந்திருக்க வேண்டும். பொதுவான உடல் காயத்துக்கு 30, 60, 90, 120 நாட்கள் என்று ஒவ்வொரு படிக்கும் 25,000. மூளைக் காயத்துக்கு அதே படிகள் 15, 30, 60, 90 நாட்களில் வந்துவிடும்.

ஏன் நிராகரிக்கிறார்கள்? மருத்துவக் குறிப்பில் 'நோயாளி நன்றாக இருக்கிறார், முன்னேற்றம் தெரிகிறது' என்று எழுதியிருக்கும். எழுதியவர் காயம் ஆறுவதைச் சொன்னார். கோப்பைப் படிப்பவரோ தானாகவே குளிக்கிறார் போலும் என்று எடுத்துக்கொள்வார். இதைத் தடுக்க முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். 'இன்று உதவி செய்தேன்' என்று எழுதினால் பயனில்லை. 'காலை 7.10: இடது அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நாற்காலிக்கு மாற்றினேன். 7.30: முதுகும் கால்களும் நான் தேய்த்தேன், வலக் கையால் முகம் மட்டும் கழுவிக்கொண்டார்' என்று எழுதுங்கள். தொட்டுச் செய்யும் உதவி மட்டுமல்ல, விழுந்துவிடாமல் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதும், மறதியால் தவிப்பவருக்கு ஒவ்வொரு படியாக வாயால் சொல்லிச் செய்யவைப்பதும் கணக்கில் வரும். அதையும் விடாதீர்கள். குளியல் நாற்காலியும் கைப்பிடியும் வைத்துக்கொண்டு அவரே குளித்துவிட்டால் அந்தச் செயல் இழப்பாக எண்ணப்படாது. அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் சிகிச்சையாளரை (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) பார்க்கும் ஒவ்வொரு முறையும் நோட்டைக் காட்டி, அவர் குறிப்பிலும் அதே விவரம் ஏறும்படி கேளுங்கள். இந்தப் பணத்தைக் கோரும் எஸ்ஜிஎல்வி 8600 படிவத்தின் முதல் பகுதி உங்களுடையது, இரண்டாம் பகுதி மருத்துவருடையது. இரண்டிலும் தேதிகள் ஒத்துப்போக வேண்டும். அடிபட்ட நாளிலிருந்து 730 நாட்களுக்குள் நேர்ந்த இழப்புக்குத்தான் பணம்.

நோயாளிக் குடும்பங்களுக்கு இங்கே நியாயமில்லை. இந்தக் காப்பீடு காயத்துக்கானது, நோய்க்குப் பொதுவாகக் கிடையாது. மூளைக் கட்டியால் பக்கவாதம் வந்து படுத்தவருக்கும் வெடியில் அடிபட்டுப் படுத்தவருக்கும் பணிவிடை ஒன்றேதான், வீட்டின் இழப்பும் ஒன்றேதான். ஒருவருக்கு ஒரு லட்சம், மற்றவருக்கு ஒன்றுமில்லை. சேவையின் பெயரில் நோயுற்றோரையும் சேர்த்துக்கொண்டவர்கள் பணத்திலும் சேர்த்திருக்க வேண்டும்.

இரு தரப்புக்கும் கிடைப்பது எஸ்.சி.ஏ.ஏ.டி.எல். என்ற மாதாந்தரத் தொகை. மருத்துவமனைப் படுக்கையை விட்டு வீட்டுக்கு வந்த பின், பிறர் உதவி இல்லாவிட்டால் மறுபடி மருத்துவமனையிலோ பராமரிப்பு இல்லத்திலோ சேர்க்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். படிவம் டிடி 2948. பணம் பணிவிடை செய்பவரின் கணக்குக்குப் போகாது, வீரரின் சம்பளத்தோடு வரும். ஊரின் கூலி நிலவரமும் உதவி தேவைப்படும் நேரமும் தொகையைத் தீர்மானிக்கும். 180 நாளுக்கொரு முறை மறுசான்று தேவை.

தேசியக் காவல்படையினரும் ரிசர்வ் வீரர்களும் எல்லாவற்றுக்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பணியின்போது நேர்ந்த காயம்தான் என்ற 'லைன் ஆஃப் டியூட்டி' முடிவு கோப்பில் ஏற வேண்டும். அது இல்லாமல் பணி உத்தரவு காலாவதியானால் சம்பளமும் சிகிச்சையும் சேர்ந்தே நிற்கும்.

நம் குடும்பங்களுக்கான தனிக் குறிப்பு. தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரை அமெரிக்கப் படையில் சேர்த்துக்கொண்ட, 2009ல் தொடங்கி 2016ல் நிறுத்தப்பட்ட மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. பெற்றோர் திருச்சியிலோ தூத்துக்குடியிலோ இருக்க, பிள்ளை அமெரிக்கச் சீருடையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவசரத் தகவல் யாருக்குப் போக வேண்டும் என்பது டிடி 93 படிவத்தில் இருக்கிறது. பெற்றோரின் தற்போதைய முகவரியும் நாட்டுக் குறியீட்டு எண்ணோடு கைபேசி எண்ணும் அதில் சரியாக இருக்கிறதா என்று வீரர் வருடத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அப்பாவுக்கு இதய நோய் இருந்தால், நேரடியாக அவருக்குச் சொல்லாமல் வேறொருவரிடம் சொல்லும்படி குறிக்கவும் அதில் இடம் உண்டு. பயண உத்தரவு கிடைத்தாலும் விசா தனி வேலை. வழக்கம்போலக் கட்டணம் கட்டி, கிடைக்கும் தேதியில் நேர்காணல் பதிவு செய்த பிறகுதான் அவசரத் தேதி கேட்க முடியும். நோயின் தீவிரம், வீரருக்கும் வருபவருக்கும் உள்ள உறவு இரண்டும் எழுதிய மருத்துவமனைக் கடிதத்தை அதோடு இணையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. படையினருக்கும் குடும்பத்துக்குமான உதவி மையமான மிலிட்டரி ஒன்சோர்ஸ் மூலம் ஒரு பிரச்சினைக்கு ஒருவருக்கு 12 அமர்வு வரை இலவச ஆலோசனை கிடைக்கும், மனைவிக்கும் கணவருக்கும் தனியாகவே உண்டு. சேவையை விட்ட பிறகும் 365 நாட்கள் வரை கூப்பிடலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். சி.ஏ.பி. என்ற திட்டம் பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் மென்பொருள், எழுத்துப் பெரிதாக்கி போன்ற கருவிகளை இலவசமாகத் தருகிறது, விலகிய பின்னும் அவை வீரருடையவையே. அரசு அலுவலகங்களில் வேலைப் பழக்கம் தரும் ஆபரேஷன் வார்ஃபைட்டர், வீட்டுக்குள் முடங்கியவரை வெளியே இழுத்துவர மருத்துவரும் தளபதியும் சம்மதித்தால் நல்ல வழி.

இனி அந்தப் பலவீனமான மாதங்கள். படையில் தொடரலாமா என்று முடிவு செய்யும் உடல் தகுதி வாரியம், ஊனத்தின் அளவை 30 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டால், 20 ஆண்டு சேவை இல்லாதவருக்கு ஒருமுறைத் தொகை மட்டும் தந்து அனுப்பிவிடுவார்கள். 30ஐத் தொட்டால் ஓய்வூதியமும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பும் உண்டு. முடிவு கைக்கு வந்தால் மறுப்பு சொல்லச் சில நாட்களே கிடைக்கும். இதற்கென ராணுவத்திலேயே இலவச வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். முடிவு வரும்வரை காத்திராமல், வாரியம் தொடங்கிய வாரமே அவர்களைப் பாருங்கள்.

எஸ்.சி.ஏ.ஏ.டி.எல். தொகை விலகிய நாளிலிருந்து 90 நாட்களில் நின்றுவிடும். அதற்குப் பிறகு கைகொடுக்க வேண்டியது வெட்டரன்ஸ் துறையின் குடும்பப் பராமரிப்பாளர் திட்டம். படிவம் 10-10சிஜி. வெட்டரன்ஸ் துறையின் ஊன மதிப்பீடு 70 சதவீதமாவது வேண்டும், வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், மருத்துவக் குழு கூடும். தகுதி பெற்றால் பராமரிப்பவருக்கே மாதத் தொகை, வேறு காப்பீடு இல்லையென்றால் மருத்துவக் காப்பு, அவர் ஓய்வெடுக்க ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் மாற்று ஏற்பாடு எல்லாம் உண்டு. விலகிய பின் விண்ணப்பித்தால் 90 நாள் ஓடிவிடும், நடுவில் வாடகைக்குப் பணமிருக்காது. மருத்துவக் காரணத்தால் விலகும் தேதி முடிவாகிவிட்டால், சீருடையில் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அந்த வரியை சி.ஆர்.பி.யில் தேதியோடு எழுதவையுங்கள். கடைசியாகக் கையெழுத்துக்கு வரும் விலகல் சான்றான டிடி 214ஐ வரைவிலேயே வாங்கி, பெயர் எழுத்து, சேவைக் காலம், விலகும் காரணம் மூன்றையும் ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் பழைய உத்தரவுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.