தீவின் குப்பை எங்கே போகும்? புதைப்பது, எரிப்பது, கப்பலேற்றுவது, பிரிப்பது

பெருநிலத்தில் இருக்கும் ஊர் தன் குப்பையை எல்லைக்கு வெளியே கொட்டிவிட்டுச் சில காலமாவது மறந்திருக்கலாம். தீவுக்கு அந்த வசதி கிடையாது. ஊரின் எல்லை முடிந்ததும் கடல் தொடங்கிவிடுகிறது. சரக்குக் கப்பல்கள் நிறைந்து வருகின்றன. இறக்கிவிட்டுப் பெரும்பாலும் காலியாகத் திரும்புகின்றன. இறங்கிய பெட்டி, புட்டி, டயர், பேட்டரி எல்லாம் தீவிலேயே தங்கிவிடுகின்றன.

இதற்குத் தீவு நிர்வாகங்கள் முன் வழக்கமாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன: புதைப்பது, எரிப்பது, வெளியே ஏற்றி அனுப்புவது, பிரித்து மட்க வைப்பது. நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு, நான்குக்கும் வெற்றிக் கதைகள் உண்டு. ஆனால் பல தீவுகள் தடுமாறுவது எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் இல்லை, எதை முதலில் செய்வது என்பதில்தான் என்று உறுதியாக நினைக்கிறேன். ஈரக்குப்பையைத் தனியே எடுக்காத தீவில் மற்ற மூன்று வழிகளும் சேர்ந்தே கெடுகின்றன. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

புதைப்பது

முதலில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து. மணலும் பவளப்பாறையுமான தாழ்ந்த தீவுகளில் மழைநீர் தரைக்குள் இறங்கி, அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர்ப் படலமாகத் தங்குகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது நீரியலின் பழைய கணக்கு. இந்தத் தீவுகளில் கடல்மட்டத்துக்கு மேல் நிற்பது மிகக் கொஞ்சம் என்பதால் படலமும் மெலிந்தே இருக்கிறது. கிணறு அதில்தான் நிற்கிறது. வெறுங்குழியில் குப்பையைக் கொட்டினால் அதிலிருந்து வடியும் கறுப்புநீரும் அதே படலத்தில்தான் கலக்கிறது. மாற்று ஆறோ மாற்று ஏரியோ இல்லாத இடத்தில் இது ஊரின் குடிநீரைக் கெடுக்கும் செயல்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியும் ஆபத்து. கொழும்பு அருகே மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹவாயின் ஓவாஹு தீவில், முறையாக அமைக்கப்பட்ட வைமானலோ கல்ச் கிடங்கிலேயே 2011 ஜனவரியில் பெருமழை வெள்ளம் புகுந்து, மருத்துவக் கழிவுகளை அடித்துக்கொண்டுபோய்க் கடலில் சேர்த்தது. ஊசிகள் கரையோரம் ஒதுங்கின. முதல் இடம் கட்டுப்பாடற்ற மேடு, இரண்டாவது அனுமதி பெற்ற கிடங்கு. மழை இரண்டையும் சோதித்தது.

ஆகவே புதைப்பதே கூடாது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. எந்த வழியைப் பின்பற்றினாலும் கடைசியில் ஒரு மிச்சம் இருக்கும், அது எங்காவது படுத்தாக வேண்டும். அதனால் எப்படிப் புதைப்பது என்பதில் கவனம் செலுத்துவது நல்லது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஃபுகுவோகா முறை. 1970களில் ஜப்பானின் ஃபுகுவோகா பல்கலைக்கழகமும் அந்நகர நிர்வாகமும் சேர்ந்து உருவாக்கியது. கிடங்கின் அடியில், கருங்கல் சல்லிக்கு நடுவே, துளையிட்ட பெரிய குழாயைப் பதிக்கிறார்கள். அதன் வெளிமுனை திறந்தே இருக்கும். வடிநீர் தேங்காமல் உடனே வெளியேறுகிறது. உள்ளே மட்கும் குப்பை சூடாவதால் வெப்பக் காற்று மேலெழ, வெளிக்காற்று குழாய் வழியாகத் தானே உள்ளே இழுக்கப்படுகிறது. காற்றுப் பட்டு மட்குவதால் மீத்தேன் குறைகிறது. வடிநீரின் நச்சும் சீக்கிரம் தணிகிறது. காற்றை உள்ளே தள்ள மின்விசிறி எதுவும் தேவையில்லை. மேல்நோக்கிய காற்றுக் குழாய்களுக்கு மூங்கிலையும் பழைய எண்ணெய்ப் பீப்பாய்களையும்கூடப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சமோவாவின் தஃபாயிகட்டா குப்பைமேடு ஜப்பானிய உதவியுடன் இப்படித்தான் சீராக்கப்பட்டது. உதிரிபாகம் கப்பலில் வர மாதக்கணக்கில் காத்திருக்கும் இடங்களுக்கு, பழுதாக எதுவுமே இல்லாத ஒரு தொழில்நுட்பம் எவ்வளவு பெரிய வரம்! இடம் பிடிக்கும் என்பதுதான் அதன் குறை.

எரிப்பது

குப்பை எரியுலை என்றதும் எல்லோரும் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். காட்ட வேண்டியதுதான். எரித்தால் குப்பையின் கன அளவு ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. மிஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாதவையும் மூடிய சரக்குப் படகுகளில் புலாவ் செமாகாவ் கிடங்குக்குப் போகின்றன. இரண்டு தீவுகளுக்கிடையே கடலில் 7 கிலோமீட்டர் நீளப் பாறைக்கரை எழுப்பி, நீர் கசியாத விரிப்பும் கடற்களிமண்ணும் பதித்து, 350 ஹெக்டேரில் அமைத்த அந்தக் கிடங்கு 1999இல் திறக்கப்பட்டது. கட்டுமானத்தில் பாதிக்கப்பட்ட அலையாத்திக் காட்டுக்கு ஈடாகப் புதிதாக நட்டார்கள். இன்று அங்கே பறவைகள் வருகின்றன.

இத்தனை செய்தும் அந்தக் கிடங்கு 2035 வாக்கில் நிறைந்துவிடும் என்று சிங்கப்பூர் அரசே சொல்கிறது. எரியுலையின் விளம்பரங்களில் இந்த வரி இடம்பெறுவதில்லை.

இதன் பக்கத்தில் மாலத்தீவின் திலஃபுஷியை வைத்துப் பாருங்கள். தலைநகர் மாலேவுக்கு மேற்கே சுமார் 7 கிலோமீட்டரில் இருந்த ஒரு காயலில் 1992 முதல் குப்பையைக் கொட்டிக் கொட்டியே உருவாக்கிய தீவு அது. அங்கேயும் கடலில்தான் கொட்டினார்கள், அங்கேயும் எரித்தார்கள். ஆனால் செமாகாவில் உள்ள பாறைக்கரையும் விரிப்பும் அங்கே இல்லை. எரித்தது உலையில் அல்ல, திறந்த வெளியில். அந்தப் புகை மாலே வரை தெரிந்தது. திறந்தவெளி எரிப்பு 2021இல்தான் நிறுத்தப்பட்டது. ஒரே யோசனைதான், கட்டிய விதம் வேறு.

சிங்கப்பூரைப் பார்த்துச் சிறு தீவு ஒன்று உலை வாங்க நினைத்தால் நான் ஒரு கணக்கைக் கேட்பேன். உலக வங்கியின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டி, நகராட்சிக் குப்பை உலைக்கு ஆண்டுக்குக் குறைந்தது 50,000 டன் குப்பை வேண்டும் என்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு 1 கிலோ குப்பை போடுகிறார் என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஏறத்தாழ 1,37,000 பேர் தேவை. இன்னொரு நிபந்தனையும் உண்டு: குப்பையின் எரிதிறன் சராசரியாகக் கிலோவுக்கு 7 மெகாஜூலாவது இருக்க வேண்டும். உணவுக் கழிவும் பச்சை இலையும் நிறைந்த வெப்பமண்டலக் குப்பை மழைக்காலத்தில் இதை எட்டுவது கடினம். எட்டாதபோது டீசல் ஊற்றி எரிக்க வேண்டியிருக்கும். அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும்.

விதிவிலக்கு உண்டு. சுமார் 64,000 பேர் வாழும் பெர்முடாவில் டைன்ஸ் பே உலை 1994 முதல் இயங்குகிறது. சாம்பலைச் சிமென்ட்டுடன் கலந்து கட்டிகளாக வார்த்துக் கடலோரத்தில் நிரப்புகிறார்கள். ஆனால் பெர்முடா செல்வச் செழிப்பான தீவு. அதன் குப்பையில் காகிதமும் பொதியுறையும் மிகுதி. தோட்டக் கழிவு மார்ஷ் ஃபோலி உரக்களத்துக்குத் தனியே போய்விடுகிறது. பச்சைக் கழிவைப் பிரித்து எடுத்த பிறகுதான் அங்கேயும் உலை எரிகிறது.

சிறு தீவில் பெரும்பாலும் ஒரே ஒரு உலைதான் இருக்கும். அது பழுதானால் அன்றைய குப்பை எங்கே போகும்? பழைய குழிக்குத்தான். வடிகட்டியில் பிடிபடும் பறக்கும் சாம்பலில் ஈயமும் டையாக்சின் என்ற நச்சும் செறிந்திருப்பதால் அதைச் சாதாரணக் குழியில் போடவும் கூடாது. ஆக உலை வாங்கியவர்களுக்கும் நல்ல கிடங்கு ஒன்று வேண்டியிருக்கிறது.

கப்பலேற்றுவது

கலந்த குப்பையை அப்படியே ஏற்றி அனுப்புவது வேறு, பிரித்த பொருளை அனுப்புவது வேறு. ஒரே பெயரில் இரண்டையும் பேசுவதால் நிறையக் குழப்பம்.

கலந்த குப்பைக்கு உதாரணம் மறுபடியும் ஓவாஹு. அங்கிருந்து குப்பையைப் பொதிகளாகக் கட்டி அமெரிக்கப் பெருநிலத்தின் வாஷிங்டன் மாநிலத்துக்கு அனுப்பத் திட்டமிட்டார்கள். தங்கள் நிலத்துக்குப் பூச்சிகளும் களைகளும் வந்துவிடும் என்று யகாமா பூர்வகுடியினர் 2010இல் நீதிமன்றம் சென்றார்கள், திட்டம் நின்றது. கட்டிய பொதிகள் தீவிலேயே அடுக்கிக் கிடந்தன. யகாமா மக்கள் செய்தது சரி. ஒரு சமூகத்தின் கழிவைச் சுமப்பது இன்னொரு சமூகத்தின் கடமை ஆகாது. கனடாவிலிருந்து வந்திறங்கிய குப்பையில் 69 கன்டெய்னர்களைப் பிலிப்பைன்ஸ் 2019இல் திருப்பி அனுப்பியது. வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குச் சீனா 2018இல் கதவை மூடியது. 2021 முதல் கலந்த, அழுக்கான பிளாஸ்டிக்கை அனுப்ப, கழிவுகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையின்படி, இறக்குமதி நாட்டின் முன்அனுமதி தேவை.

பிரித்த பொருளின் கதை முற்றிலும் வேறு. அலுமினிய டப்பாவும் செம்பும் பேட்டரியும் எங்கே போனாலும் விலை போகும். சிறு தீவுக்கு இடைஞ்சல் கப்பல் கூலி மட்டும்தான். 2018இல் பசிபிக் சுற்றுச்சூழல் அமைப்பும் ஸ்வைர் கப்பல் நிறுவனமும் மோவானா டாக்கா என்ற உடன்பாடு செய்தன: காலியாகத் திரும்பும் கன்டெய்னர்களில் தீவுகளின் மறுசுழற்சிப் பொருள்களைக் கூலியில்லாமல் ஏற்றிச்செல்வது. காலிக் கப்பலே தீர்வாக மாறிய இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் கன்டெய்னரை நிரப்பப் பொருள் சேர வேண்டுமே? அதற்கு முன்பணத் திட்டம். பசிபிக் தீவு நாடான கிரிபாஸில் (கிரிபாட்டி) ஒரு டப்பா பானத்துக்கு 5 சென்ட் கூடுதலாக வாங்கி, காலி டப்பாவைத் திருப்பித் தந்தால் 4 சென்ட் கொடுக்கிறார்கள். மிஞ்சும் 1 சென்ட் திட்டத்தை நடத்துகிறது. இன்னொரு பசிபிக் தீவு நாடான பலாவ் 10 சென்ட் வாங்கி 5 சென்ட் திருப்பித் தருகிறது. கடற்கரையில் கிடக்கும் டப்பாவை ஒரு சிறுவன் ஓடிப்போய் எடுப்பதற்கு எந்த விழிப்புணர்வுச் சுவரொட்டியைவிடவும் அந்தச் சில்லறை வலிமையானது.

பிரிப்பதும் மட்க வைப்பதும்

கிரேக்கத்தின் டிலோஸ் தீவில் நிரந்தரமாக வாழ்பவர்கள் சுமார் 500 பேர். அங்கே தெருத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீடுவீடாகப் பிரித்த குப்பையை வாங்கத் தொடங்கி, பழைய கிடங்கை மூடிவிட்டார்கள். சின்னஞ்சிறு தீவு என்பதால் முடிந்தது என்பார்கள். அப்படியானால் தைவானைப் பாருங்கள். தாய்பேயில் 2000ஆம் ஆண்டு ஜூலை முதல் குப்பைக்குக் கட்டணம், அதற்கென விற்கும் பையின் விலையிலேயே இருக்கிறது. மறுசுழற்சிப் பொருளுக்குக் கட்டணம் இல்லை. குப்பை தரையைத் தொடக் கூடாது என்ற விதிப்படி, இசையோடு வரும் வண்டியில் மக்களே நேரில் கொண்டுவந்து போடுகிறார்கள். உணவுக் கழிவுக்குத் தனித் தொட்டி. நகரத்துக்கும் எரியுலைகள் இருக்கின்றன, ஆனால் உலைக்குப் போவது பிரித்த பிறகு மிஞ்சியது.

வெப்பமண்டலத் தீவுகள் பலவற்றில் குப்பையின் ஏறத்தாழ பாதி மட்கக்கூடியது. நாற்றம், வடிநீர், மீத்தேன், ஈ எல்லாம் பெரும்பாலும் அந்தப் பாதியிலிருந்துதான் வருகின்றன. உலையை நனைப்பதும் அட்டையை அழுக்காக்கி விலை போகாமல் செய்வதும் அதே பாதிதான். அதைத் தனியே எடுத்தால் மற்ற எல்லா வழிகளும் ஒரே நாளில் இலகுவாகிவிடுகின்றன. பவள மணலில் மட்கு மிகக் குறைவு என்பதால் கிடைக்கும் உரத்துக்குத் தேவையும் உண்டு.

இதன் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. அரைகுறையாகக் குவித்த இலைதழைக் குவியல் காண்டாமிருக வண்டின் தொட்டில். தென்னையைத் துளைக்கும் இந்த வண்டு குவாமில் 2007இலும் ஓவாஹுவில் 2013இலும் கண்டறியப்பட்டது. மட்கும் தாவரக் குவியலில்தான் அதன் புழுக்கள் வளர்கின்றன. குவியலை முறையாகக் கிளறி, உள்வெப்பத்தை 55 டிகிரிக்கு மேல் சில நாள்கள் நிறுத்தினால் புழு பிழைக்காது. ஆகவே உரக்களத்துக்கு வேலை தெரிந்த, நல்ல ஊதியம் பெறும் ஆட்கள் வேண்டும். ஓர் உலைக்கான பணத்தில் எத்தனை ஆண்டுகளுக்கு அந்த ஊதியத்தைத் தரலாம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும் நிர்வாகங்கள் குறைவு என்பது வருத்தம்.

பத்தாயிரம் பேர் வாழும் தீவு

எடுத்துக்காட்டாக 10,000 பேர் வாழும் ஒரு தீவு. நாளொன்றுக்கு 10 டன், ஆண்டுக்கு 3,650 டன். உலைக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, எனவே உலைப் பேச்சு அங்கேயே முடிகிறது. எதையும் பிரிக்காமல் நன்றாக அழுத்திப் புதைத்தால், ஒரு கன மீட்டரில் 700 கிலோ, ஆழம் 5 மீட்டர் என்று கொண்டால், 20 ஆண்டில் ஏறத்தாழ 5 ஏக்கர் போய்விடும். மேலே போடும் மண் தனி. ஈரக்குப்பையை உரக்களத்துக்கும், டப்பா, புட்டி, அட்டை, உலோகத்தைத் திரும்பும் கப்பலுக்கும் அனுப்பி, நாளொன்றுக்கு 3 டன் மட்டும் மிஞ்சும்படி செய்தால் அதே 20 ஆண்டுக்கு ஒன்றரை ஏக்கர் போதும்.

அந்த 3 டன்னில் டயாப்பர், கிழிந்த செருப்பு, பல அடுக்குப் பிளாஸ்டிக் உறை, உடைந்த பீங்கான் எல்லாம் இருக்கும். அவற்றுக்கு ஃபுகுவோகா முறையில், விரிப்புப் பதித்த ஒரு சிறு கிடங்கு போதும். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிணறுகள் இருக்கும் பக்கத்தையும் புயல் அலை ஏறும் கரையையும் விட்டுவிட வேண்டும். முதல் ஆண்டுப் பணத்தை அந்தக் கிடங்குக்குச் செலவிடுவதற்கு முன்பு, வீட்டுக்கு இரண்டு வாளியும் அவற்றைத் தனித்தனியே எடுத்துச்செல்ல ஒரு வண்டியும் வாங்கிவிடுங்கள்.