பெயரா, முகமா, இடமா, செயலா: ஸ்டீம் கடையில் ஒரு சிறு விளையாட்டின் முகப்புப் படம்

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் ஸ்டீம் கடையில் விளையாட்டை வெளியிடுகிறவர் ஒரு முகப்புப் படத்தை வரைந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட முடியாது. அங்கே 'கேப்ஸ்யூல்' என்று அழைக்கப்படும் அந்தப் படத்தைப் பல அளவுகளில் தர வேண்டும். கடையின் முதல் பக்கத்தில் பெரிதாகத் தோன்றுவது 1232×706 பிக்சல்; விளையாட்டின் சொந்தப் பக்கத்தில் மேலே நிற்பது 920×430; நெட்டுவாக்கில் அமைவது 748×896; தேடல் முடிவுகளிலும் பட்டியல்களிலும் வருவது 462×174. இந்தக் கடைசிப் படத்தைக் கடையே மேலும் சுருக்கி, சில இடங்களில் 120×45 வரை கொண்டுபோய்விடுகிறது. பெரிய படத்தில் ஏறத்தாழ 8.7 லட்சம் பிக்சல்கள் இருக்க, மிகச் சிறியதில் 5,400 மட்டுமே உள்ளன. ஓவியர் தமது திரையில் பெரிய படத்தைப் பார்த்து மகிழ்கிறார். வாங்குகிறவரோ பெரும்பாலும் சிறியதைத்தான் முதலில் காண்கிறார்.

தனி ஒருவரோ மூன்று நான்கு பேரோ செய்யும் கேஷுவல் விளையாட்டுக்கு, அதாவது பொழுதுபோக்காக எளிதில் ஆடக்கூடிய விளையாட்டுக்கு, அந்தச் சிறிய கட்டத்தில் எதை முன்னிறுத்துவது என்பதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன: விளையாட்டின் பெயர், ஒரு பாத்திரத்தின் முகம், விளையாட்டு நடக்கும் இடம், விளையாடுபவர் செய்யும் செயல். ஐந்தாவதாக ஒரு வழி முன்பு இருந்தது. விமர்சன மதிப்பெண், விருது முத்திரை, தள்ளுபடி அறிவிப்பு ஆகியவற்றைப் படத்திலேயே ஒட்டுவதுதான் அது. 2022 செப்டம்பர் 1 முதல் ஓவியம், விளையாட்டின் பெயர், அதன் துணைத்தலைப்பு ஆகியவை தவிர வேறெதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்று ஸ்டீம் விதி வகுத்ததோடு அந்த வழி அடைபட்டது. அது நல்லதே, பரிசுப் பதக்கங்களை மாட்டிக்கொண்டு நிற்கும் படங்களுக்கு நடுவே புதிதாக வருகிறவருக்கு இடமே இருக்கவில்லை.

பெயரை முன்னிறுத்துவது பாதுகாப்பான வழி. தள்ளுபடி வரிசைகள் பலவற்றில் படமும் விலையும் மட்டுமே தெரியும். பெயர் படத்துக்குள் இல்லையென்றால் அது எங்குமே இல்லை. எரிக் பரோன் உருவாக்கி 2016-இல் வெளிவந்த ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டின் எழுத்து வடிவம் இன்று எந்த அளவிலும் அடையாளம் தெரிகிறது. ஆனால் அதை முன்மாதிரியாகக் கொள்வதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. அந்தப் பெயரை மக்கள் ஏற்கெனவே அறிந்திருப்பதால் எழுத்து வேலை செய்கிறது. யாருமே கேள்விப்படாத பெயரைப் பெரிதாக எழுதினால், படிக்க முடிகிறதே தவிர, அது என்ன விளையாட்டு என்பது விளங்குவதில்லை. ஆகவே பெயர் தெளிவாக இருப்பது குறைந்தபட்சத் தேவை. அதையே முழு உத்தியாக நம்புவது புகழ்பெற்றவர்களுக்கு மட்டுமே கட்டுபடியாகும்.

முகம் கண்ணை இழுக்கும் என்பதில் ஐயமில்லை. கைபேசிச் செயலிக் கடைகளில் வாயைப் பிளந்து கத்தும் முகங்கள் வரிசைகட்டி நிற்பதற்கு அதுவே காரணம். ஆனால் முகம் ஒரு வாக்குறுதியையும் சேர்த்தே தருகிறது: இந்த விளையாட்டில் கதை உண்டு, இவரோடு நீங்கள் நேரம் செலவிடப் போகிறீர்கள் என்கிறது. அலமாரியில் பொருள்களை அடுக்கும் புதிர் விளையாட்டுக்குப் பெரிய விழிகளோடு ஒரு பெண்ணின் முகத்தை வைத்தால், கதையைத் தேடி வருகிறவர் ஏமாந்து திரும்புவார். புதிரைத் தேடுகிறவர் நின்று பார்க்கவே மாட்டார். 2019-இல் வந்த அன்டைட்டில்டு கூஸ் கேம் இதற்கு விதிவிலக்குபோலத் தோன்றும். அங்கே வாத்தைக் காட்டினாலே போதும். ஏனெனில் அந்த வாத்து செய்யும் குறும்புதான் முழு விளையாட்டு. பாத்திரமும் செயலும் ஒன்றாகிவிட்ட இடத்தில் மட்டுமே முகம் தனியாக நிற்கத் தகுதி பெறுகிறது.

உருவாக்குகிறவர்கள் அதிகம் விரும்புவதும், என் கணிப்பில் அதிகம் தோற்பதும், மூன்றாவது வழியான இடம்தான். அமைதியான கிராமம், மாலை வெயில், மலைச்சரிவில் ஒரு வீடு, கீழே ஏரி எனப் பெரிய அளவில் பார்க்கும்போது மனம் குளிரும். 920 பிக்சல் அகலத்தில் அழகாக விரியும் அதே காட்சி, 120 பிக்சலில் பச்சையும் நீலமும் கலந்த கறையாகிவிடுகிறது. ஸ்டீமின் பின்னணியே கருநீலம் என்பதால், இரவுக் காட்சியாக இருந்தால் படத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பதே தெரியாது. நெட்டுவாக்குப் படத்துக்கு வரும்போது இன்னொரு சிக்கல்: அகலமாக வரைந்த நிலக்காட்சியின் இரு பக்கங்களையும் வெட்டினால் மிஞ்சுவது வானம்தான். இதற்கும் மேலாக, மனதை இதப்படுத்தும் விளையாட்டுகள் பெருகிவிட்ட இந்நாளில் மாலை வெயில் கிராமம் யாருடையது என்று பிரித்தறிய முடிவதில்லை. இடத்தைக் காட்டியே வென்ற டவுன்ஸ்கேப்பரை இதற்கு மறுப்பாகச் சொல்லலாம். ஆனால் நீர்மேல் வண்ண வீடுகளை ஒவ்வொன்றாக எழுப்புவதே அங்கே விளையாட்டு என்பதால், அந்த ஊர் பின்னணிக் காட்சியாக நிற்காமல், விளையாடுபவர் கட்டி முடித்த பொருளாக நிற்கிறது.

ஆகவே நான்காவது வழியான செயலையே நான் முதலிடத்தில் வைக்கிறேன். நியூசிலாந்தின் டைனோசர் போலோ கிளப் குழு 2015-இல் வெளியிட்ட மினி மெட்ரோவில் விளையாடுபவர் செய்வது நிலையங்களைக் கோடுகளால் இணைப்பது மட்டுமே. வெளிர்ப் பின்னணியில் தடித்த நிறக் கோடுகள் என்ற அதன் தோற்றம் எவ்வளவு சுருக்கினாலும் சிதையாது. ரயில் வரைபடம் பார்த்துப் பழகிய எவருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிடும். பவர்வாஷ் சிமுலேட்டரில் அழுக்குப் படிந்த பரப்பை நீர்ப்பீச்சு கழுவிக்கொண்டே போகிறது. பாதி அழுக்கு, பாதி பளபளப்பு என்ற அந்த எல்லைக்கோட்டைப் பார்த்தவுடன் மீதியையும் கழுவித் தீர்க்க வேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? முடிந்துபோன வேலையைக் காட்டுவதைவிட, முடியும் தறுவாயில் இருக்கும் வேலையைக் காட்டுவது வலுவானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இந்த வழிக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பெயரும் படமும் ஒரே சேதியைத் திரும்பச் சொல்லக் கூடாது. அன்பேக்கிங் என்ற பெயரே பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதுதான் விளையாட்டு என்று சொல்லிவிடுகிறது. அப்படிப்பட்ட பெயர் கிடைத்தவர் படத்தில் மனநிலைக்கும் நிறத்துக்கும் தாராளமாக இடம் ஒதுக்கலாம். கற்பனைப் பெயரோ கவித்துவமான பெயரோ வைத்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. செயலை அவருடைய படம்தான் சொல்லியாக வேண்டும்.

விளையாட்டுத் திரையையே பிடித்துப் போடுவதா, ஓவியரை அமர்த்துவதா என்ற கேள்விக்கு விடை எளிது. திரைப்பிடிப்பு நேர்மையானதுதான், ஆனால் அதன் பொருள்கள் திரை முழுவதும் சிதறிக் கிடக்கும்; முகப்புக்கு ஒன்றோ இரண்டோ பொருள்கள் போதும். பணம் இல்லாதவர் விளையாட்டிலிருந்தே ஒரு பொருளை எடுத்து, பெரிதாக்கி, வெற்றுப் பின்னணியில் வைத்தாலே பாதித் தூரம் கடந்துவிடலாம்.

கடை மாறினால் இந்த வரிசையும் மாறும். கூகுள் பிளேயில் 512×512 சதுரச் சின்னத்தின் பக்கத்திலேயே பெயர் எழுத்தில் வந்துவிடுவதால், சின்னத்துக்குள் பெயரைத் திணிப்பது வீண். அங்கே முகத்துக்கும் ஒற்றைப் பொருளுக்கும் மதிப்பு கூடுகிறது. சிறு உருவாக்குநர்கள் தங்கள் விளையாட்டுகளை வெளியிடும் இட்ச் தளம் 630×500 அளவைப் பரிந்துரைப்பதோடு அசையும் ஜிஃப் படத்தையும் ஏற்பதால், செயலை நேரடியாக நடத்தியே காட்டலாம்.

சோதித்துப் பார்க்கும் வசதியிலும் கடைகள் ஒன்றுபோல் இல்லை. கூகுள் பிளே, இரண்டு சின்னங்களைப் பயனர்களிடம் பிரித்துக் காட்டி எது மேல் என்று அளந்து சொல்கிறது. ஆப்பிளின் செயலிக் கடையில் மூன்று மாற்று வடிவங்கள் வரை ஒப்பிடலாம். ஸ்டீமில் படம் எத்தனை முறை காட்டப்பட்டது, அதைப் பார்த்து எத்தனை பேர் பக்கத்துக்கு வந்தார்கள் என்ற கணக்கை வைத்துக்கொண்டு, பழைய படத்தின் வாரங்களையும் புதிய படத்தின் வாரங்களையும் நாமே ஒப்பிட வேண்டியிருக்கிறது. தள்ளுபடியோ திருவிழா விற்பனையோ நடக்கும் வாரத்தில் படத்தை மாற்றினால், ஏறிய எண்ணிக்கை எதனால் ஏறியது என்று பிரிக்க முடியாது. ஆதலால் சந்தடியில்லாத ஒரு வாரத்தில், விலையையும் விளக்க உரையையும் தொடாமல், படத்தை மட்டும் மாற்ற வேண்டும். அதற்கும் முன்னதாக, இரண்டு வரைவுகளையும் 120×45 அளவுக்குச் சுருக்கி, ஸ்டீம் தேடல் பக்கத்தின் திரைப்பிடிப்பு ஒன்றில் மற்ற விளையாட்டுகளுக்கு நடுவே ஒட்டி, விளையாட்டைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் காட்டி, "இதில் என்ன செய்ய வேண்டியிருக்கும்?" என்று கேட்டுப் பார்க்கலாம், அதற்குச் செலவு ஏதுமில்லை.