பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது: ஒரு கிளை நூலக அனுபவம்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். வாசகர் வட்டத்தில் ஓர் உறுப்பினர் என்பதைத் தவிர எனக்கு அங்கே வேறு பொறுப்பு கிடையாது. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஞாயிறு திறந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ளே வருவதற்கு இந்த ஏற்பாடு ஒன்றே பெரிய காரணம். தெரிந்தவர்கள் பலரும் என்னிடம் கேட்பது, "பசங்களுக்கு என்ன கொடுக்கலாம், ஒரு லிஸ்ட் அனுப்புங்களேன்" என்றுதான். லிஸ்ட் பெரிதாக உதவுவதில்லை. எது உதவியது, எது உதவவில்லை என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் சிக்கல் இடம். நூலகத்தில் சிறுவர் பகுதி ஒன்று இருக்கிறது, தாழ்வான அலமாரியும் படக்கதைகளுமாக. அதைத் தாண்டினால் நேரே பெரியவர்களின் நாவல், சமையல், ஜோதிடம், ஆன்மிகம். பதின்மூன்று வயதுப் பையன் சிறுவர் பகுதிக்குப் போனால் கூட வந்தவன் கேலி செய்கிறான். பெரியவர்கள் அலமாரிக்குப் போனால் எங்கே கை வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வந்திருக்கின்றன. நல்ல முயற்சி. ஆனால் 'பற' வரைக்கும் வந்துவிட்ட பிள்ளை அதற்கப்புறம் என்ன படிப்பது? அதற்குப் பொது நூலகம்தான் பொறுப்பெடுக்க வேண்டும்.

மேசைகளும் காலியாக இருப்பதில்லை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற அண்ணன்களும் அக்காக்களும் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேறு இடம் ஏது? ஆனால் அந்த அமைதிக்கு நடுவே ஒரு பிள்ளையிடம் "இந்தக் கதை எப்படி இருந்துச்சு?" என்று கேட்க முடியாது. நூலகரிடம் சொல்லி வெளித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு போட்டுக்கொண்டோம். பேச்செல்லாம் அங்கேதான்.

அடுத்தது அட்டை. பழைய நூல்களின் அட்டையைக் கிழித்துவிட்டுக் கெட்டி பைண்டிங் போட்டு, முதுகில் வெள்ளை எழுத்தில் எண் எழுதிவிடுகிறார்கள். நூல் நீடித்து உழைக்க அது வேண்டும்தான். ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை அந்தப் பழுப்பு முதுகுகளின் வரிசையில் எதையும் உருவிப் பார்ப்பதில்லை. அதனால் வாசலுக்கு எதிரே இருக்கும் ஒரு தட்டை மட்டும் கேட்டு வாங்கினேன். அங்கே முன்பக்கம் தெரிகிற மாதிரி பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள்தான் நிற்கும். பைண்டிங் போட்டதற்கு ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றி, ஏற்கெனவே படித்த பிள்ளையையே தலைப்பு எழுதச் சொல்கிறோம். படமும் போடலாம். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஆண்டுக்கணக்கில் ஒரு முத்திரைகூட விழாத நூலில், இந்தத் தட்டுக்கு வந்த பிறகு ஊதா மை முத்திரைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருக்கின்றன.

இனி முக்கியமான விஷயம். திருப்பிக் கொண்டுவரும் பிள்ளையிடம் "முழுசா படிச்சியா?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் படிக்காத பிள்ளையும் "படிச்சேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் வராது. "எந்த இடத்துல நின்னுச்சு?" என்றுதான் கேட்பேன். நிறுத்துவது சகஜம் என்று அந்தக் கேள்வியிலேயே பிள்ளைக்குப் புரிந்துவிடுகிறது. எந்த இடத்தில், எதற்காக நின்றது என்று சொல்லும்போது அடுத்து என்ன புத்தகம் எடுத்துக் கொடுப்பது என்பது பெரும்பாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

'பொன்னியின் செல்வன்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது, ஐந்து பாகம். 2022, 2023இல் படம் வந்ததிலிருந்து பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்கிற நாவல் இது ஒன்றுதான். முதல் பாகம் எப்போதும் வெளியில் இருக்கும், பாதிப் பேர் அதோடு நிறுத்திவிடுவார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, கதை சூப்பரா போகுது, நடுவுல நிறுத்திட்டு சரித்திரம் சொல்றாங்க. அங்கதான் நின்னுட்டேன்" என்றாள். அவளுக்கு வேண்டியது நிற்காமல் ஓடும் கதை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடுத்தேன். 2021இல் நடப்பதாக எழுதப்பட்ட கதை. இப்போது அந்த வருடமே கடந்துபோய்விட்டது என்பதில் அவளுக்கு ஒரே குஷி. ஜீனோ என்ற இயந்திர நாயைப் பற்றித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினாள்.

அதே பாகத்தை வேறொரு பையன் நிறுத்தியதற்குக் காரணம் நேரெதிர். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற தொடக்கம் அவனுக்கு அப்படிப் பிடித்திருந்தது. ஏரி, கரை, மடைகள், தண்ணீர். "அப்புறம் எல்லாம் அரண்மனைக்குள்ள பேசிக்கிட்டே இருக்காங்க" என்று குறைபட்டான். அவனுக்கு வேண்டியது வெளி. ஜிம் கார்பெட்டின் 'குமாயுன் புலிகள்' தமிழில் இருக்கிறது. 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண் புலியை 1907இல் கார்பெட் தேடிப் போன கதையை மட்டும் படித்துப் பார், பிடிக்கவில்லையென்றால் கொண்டுவந்து வைத்துவிடு என்று சொல்லிக் கொடுத்தேன். கெடு முடிந்தும் புத்தகம் வரவில்லை. புதுப்பித்துத் தரச் சொல்லித் தம்பியை அனுப்பியிருந்தான். இரண்டு பிள்ளைகளும் பாதியில் வைத்தது ஒரே புத்தகத்தைத்தான். இரண்டு பேருக்கும் ஒரே லிஸ்ட்டைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சுலபமில்லை. எங்களுடையது வயலும் வாய்க்காலுமான டெல்டா, அது கரிசல் காடு. பேச்சு வேறு, பண்டம் வேறு. ஆனால் தொடக்கத்தில் ஒரு சம்பவம் வருகிறது. தண்ணீர் குடிக்கக் குனியும் நிறைமாதக் கர்ப்பிணியின் நகைக்காகத் திருடன் அவள் தலையைத் தண்ணீருக்குள் அழுத்துகிறான். அவள் அவன் கால் கட்டைவிரலைக் கடித்துப் பிடித்துக்கொள்கிறாள், உயிர் போனபோதும் விடவில்லை. இந்தப் பகுதியைப் பெஞ்சில் வாய்விட்டுப் படித்துவிட்டு, அந்த இடத்தில் நூலை மூடி மேசையில் வைத்துவிடுவேன். யாராவது ஒருவர் எடுத்துக்கொண்டு போகாமல் இருந்ததில்லை. கடினமான புத்தகத்துக்கு ஆகிவந்த வழி இது. சும்மா "அருமையான நாவல், படி" என்று சொன்னால் வேலைக்காகாது.

எதையும் முடித்த பழக்கம் இல்லாத பிள்ளைக்கு ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கொடுக்கிறேன். டாப்ஸ்லிப்பில் வேலை பார்த்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியைப் பற்றிய கதை, ஒரே மூச்சில் முடிக்கலாம். காட்டுக்குள் குடித்துவிட்டு உடைத்துப் போடும் பீர் பாட்டில் யானையின் காலை என்ன செய்கிறது என்று அதில் வருகிறது. படித்த பிள்ளைகள் அந்த இடத்தைத்தான் முதலில் சொல்கிறார்கள். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டோம் என்ற தெம்பு கிடைத்த பிறகு கொஞ்சம் பெரியதைக் கொடுத்தால் பயப்படுவதில்லை.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வும் சிறியதுதான். அறிவியல் ஆசிரியையைக் கேள்விகளால் துளைக்கிற பள்ளி மாணவியின் கதை. ஆனால் அந்தப் பெண் தன் உடம்பிலேயே சோதனை செய்துபார்த்து இறந்துபோகிறாள். இதைக் கொடுத்துவிட்டு நான் சும்மா இருப்பதில்லை. அடுத்த ஞாயிறு வரச் சொல்லி, கட்டாயம் உட்கார வைத்துப் பேசுவேன். இந்த வயதில் மரணத்தைப் பற்றிப் படிக்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. படித்ததைத் தனியாகச் சுமக்க விடக் கூடாது, அவ்வளவுதான்.

ஆனி ஃபிராங்க்கின் நாட்குறிப்பைக் கொடுக்கும்போது உலகப் போரிலிருந்து தொடங்குவதில்லை. 1942 ஜூன் 12 அன்று, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் ஒரு பெண் எழுதியது, அம்மாவோடு சண்டை வந்ததையும் எழுதியிருக்கிறாள் என்று மட்டும் சொல்வேன். போர் தானாக வந்துவிடும். ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் பள்ளி நாட்களைச் சொல்லும் 'டோட்டோ-சான்' புத்தகமும் அப்படித்தான். ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிற பள்ளி என்றதுமே கை நீள்கிறது. கடைசியில் அந்தப் பள்ளி குண்டுவீச்சில் எரிந்துபோவதைப் படித்துவிட்டு வந்து "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

'அக்னிச் சிறகுகள்' தட்டில் வைப்பதில்லை. நல்ல புத்தகம். ஆனால் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று எல்லாப் பரிசாகவும் அது வந்துவிடுவதால் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. தானாகத் தேடி எடுக்கிற சந்தோஷம் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெற்றோர் விஷயத்தில் பொறுமை வேண்டும். "பாடத்துக்கு உதவற மாதிரி ஏதாவது கொடுங்க" என்று வரும் அம்மாக்களிடம் வாதாடிப் பயனில்லை. 'துளிர்' போன்ற ஓர் அறிவியல் இதழை ஒரு கையிலும், பிள்ளை கேட்ட நாவலை மறு கையிலும் கொடுத்துவிடுவேன். காதல் வருகிறது என்று கதைப்புத்தகத்தைப் பிடுங்கிய அப்பாவிடம், முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள் என்று அதையே அவர் பெயரில் பதிந்து கொடுத்தோம். படித்தாரா தெரியாது. பெண்ணை அப்புறம் தடுக்கவில்லை. அம்மாவுக்கு என்று சொல்லிக் குடும்ப நாவல் எடுத்துக்கொண்டு போய்த் தானே படிக்கிற பெண்களும் இருக்கிறார்கள். அதைப் பார்த்து நான் முகம் சுளிப்பதில்லை. வாரம் ஒரு நாவல் முடிக்கிறவள் நல்ல வாசகி, அவளுக்கு அடுத்ததை யோசித்து வைக்க வேண்டியது என் வேலை.

இன்னும் தீராத குறைகள் இருக்கின்றன. தொடர் பாகங்களில் மூன்றாவது இருந்தால் இரண்டாவது இருக்காது. புது நூல்கள் கட்டாக வந்து இறங்குகின்றன. எங்கள் ஊர்ப் பிள்ளை எதைக் கேட்கிறது என்பதற்கும் அந்தக் கட்டுக்கும் அதிகத் தொடர்பு இருப்பதில்லை. இத்தனைக்கும் 1948லேயே பொது நூலகச் சட்டம் போட்டு, சொத்து வரியோடு நூலக வரியும் வாங்கி நூலகம் நடத்துகிற மாநிலம் இது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் தானாக நடப்பதில்லை. நடுவில் பேச ஓர் ஆள் வேண்டும். நூலகர் ஒருவரே பதிவேடும் பார்த்து, கதவும் திறந்து, கணக்கும் எழுதும் கிளைகளில் அந்த ஆள் வெளியிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது.

பிளஸ் ஒன் சேர்ந்ததும் பையன்கள் காணாமல் போவது இன்னொரு குறை. டியூஷன் ஞாயிற்றுக்கிழமையையும் தின்றுவிடுகிறது. அவர்களில் சிலர் பொதுத்தேர்வு முடிந்த ஏப்ரலில் திரும்பி வருகிறார்கள், அதனால் அந்த மாதம் தட்டை முழுக்க மாற்றிவிடுவோம்.

உங்கள் ஊரில் செய்துபார்க்க நினைத்தால் நூலகரிடம் பேசி ஒரு தட்டு, ஒரு பெஞ்சு, ஒரு நோட்டு கேளுங்கள். எங்கள் நோட்டில் பிள்ளைகள் இரண்டே விஷயம் எழுதுகிறார்கள்: எங்கே நிறுத்தினேன், அடுத்து என்ன வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்த்து, கிடைக்காத நூல்களின் பெயரை எழுதி மேலே அனுப்புகிறோம், புரவலர்கள் யாராவது கேட்டால் அவர்களிடமும் காட்டுகிறோம். இந்த வருடம் அதிகம் கேட்டிருப்பது கால்பந்து பற்றிய தமிழ் நூல். அலமாரியில் ஒன்றுகூட இல்லை. நல்லதாக ஒன்று தெரிந்தால் சொல்லுங்கள், கேட்ட பையன் இன்னும் வாராவாரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.