சீனன்குடாக் காற்றில் பதினெட்டுக் குழிகள்

இந்த ஆடி மாதம் ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகும்போது கோல்ஃப் பையையும் கூடவே கொண்டு போனேன். "திருகோணமலைக்கு எதுக்கு இது?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு ஒரே ஒரு ஆசைதான். உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன் நான். சீனன்குடா என்றால் எங்களுக்கு எண்ணெய்க் குதங்களும் விமானத்தளமும் மட்டும்தான். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு போட்டதை அம்மம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். போர்க்காலத்தில் அந்த வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயம். இப்போது அந்த வேலிக்கு உள்ளே பதினெட்டுக் குழிகளோடு ஒரு மைதானம் இருக்கிறது. அதில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் கொழும்பு. விமானத்தில் போட்ட பை என்னோடு வந்து இறங்கவில்லை, மூன்றாம் நாள்தான் கைக்குக் கிடைத்தது. நல்ல வேளையாகச் சப்பாத்தும் கையுறையும் கைப்பையில் இருந்தன. மட்டையை எங்கேயும் வாடகைக்கு எடுக்கலாம், காலுக்குப் பழகின சப்பாத்தை எடுக்க முடியாது. போகிறவர்கள் இதை மறக்காதீர்கள்.

ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கியது. ஆரம்பத்தில் காலிமுகத் திடலில்தான் ஆடினார்கள், பிறகு பொரளைப் பக்கம் போய்விட்டார்கள். அதனால் இன்று அங்கே கடலைப் பார்க்க முடியாது. ஆனால் மைதானத்துக்கு நடுவால் களனிவெளி ரயில் பாதை போகிறது. ரயில் வந்தால் எல்லோரும் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கொழும்பில் ஒரு காலை நேரம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம்.

சீனன்குடா மைதானத்தின் பெயர் ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ். விமானப்படைதான் நடத்துகிறது. பக்கத்திலுள்ள மார்பிள் பீச்சும் அவர்களுடையதுதான். படைத்தளம் என்பதால் முதல் நாளே தொலைபேசியில் பெயர் கொடுத்து வைத்தேன். வாசலில் பாஸ்போர்ட்டைப் பார்த்து, வாகன இலக்கத்தை எழுதிக்கொண்டு, மரியாதையாக உள்ளே விட்டார்கள். விடிய ஆறு மணிக்கே போய்விட்டேன். ஏனென்றால் அது கச்சான் காலம். தென்மேற்கிலிருந்து தரை மேலாக வருகிற காய்ந்த காற்று அது. பத்து மணிக்குப் பிறகு வாய் உலர்ந்துவிடும், பந்தும் நம் பேச்சைக் கேட்காது.

மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கேடியாக வந்த தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நூற்றைம்பது யார்டுக்குக் கிட்ட ஒரு பார் மூன்று குழி, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டியது. கொடி அசையாமல் தொங்கிக்கொண்டு இருந்தது. ஏழாம் நம்பர் ஐயன் மட்டையை எடுத்தேன்.

"அண்ணை, கொடியைப் பாக்காதீங்கோ. அந்தப் பனையைப் பாருங்கோ."

பார்த்தேன். குழி இருக்கிற ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனைச் சுற்றி மரங்கள் அடைத்து நின்றதால் கீழே காற்றே இல்லை. மேலே பனையின் ஓலைகள் எல்லாம் எங்கள் பக்கமாக மடங்கிச் சடசடத்துக்கொண்டு இருந்தன. பந்து போகப் போவது அந்த உயரத்தில்தான்.

"அஞ்சை எடுத்து மெதுவா வீசுங்கோ. இறுக்கி அடிச்சா பந்து மேல ஏறி நிண்டிடும்."

அவன் சொன்னதில் கணக்கு இருக்கிறது. பின்காற்று தருகிற தூரத்தைவிட எதிர்காற்று பறிக்கிற தூரம் அதிகம். அதை வெல்லவென்று பலமாக அடித்தால் பந்தின் சுழற்சி கூடி, அது இன்னும் மேலே எழும்பும், காற்று இன்னும் பலமாகப் பிடித்துக்கொள்ளும். பெரிய மட்டை (நம்பர் குறைந்தால் பந்து தாழ்வாகவும் தூரமாகவும் போகும்), சின்ன வீச்சு, தாழ்ந்த பந்து என்பதுதான் வழி. ஐந்தாம் நம்பரால் அரை வீச்சு வீசினேன். பந்து தாழப் பறந்து கிரீனின் முன் ஓரத்தில் விழுந்து உருண்டு ஏறியது. இத்தனை வருசமாகக் கனடாவில் ஆடியும் மரத்தின் உச்சியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

புல் பராமரிப்பில் குறை சொல்லலாம். கோடையில் ஃபேர்வே, அதாவது கிரீனுக்குப் போகிற புல்வெளி, சில இடங்களில் காய்ந்து கட்டாந்தரையாக இருந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. காய்ந்த தரையில் பந்து நன்றாக ஓடும், கடற்கரை ஆட்டத்துக்கு அதுவும் அழகுதான்.

அப்புறம் அம்பாந்தோட்டை. ஷங்ரி-லா விடுதியோடு 2016இல் திறந்த மைதானம், ரொட்னி ரைட் வடிவமைத்தது, பார் 70. தென்னந்தோப்பு வழியாகப் போய், முன்பு மாணிக்கம் தோண்டிய நிலத்தைக் கடந்து, கடலோர மணல்மேட்டுக்கு வந்து சேரும். அந்த மணல்மேட்டுக் குழிகளுக்காகவே இரண்டு நாள் ஒதுக்கலாம். கடல் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. உபசரிப்பு, வண்டி, தண்ணீர் எல்லாமே நேரத்துக்கு நடந்தன. ஒரேயொரு சுற்றுக்குத்தான் நேரமும் பணமும் இருக்கிறது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அங்கே ஆடும்போதும் நான் தென்னை உச்சிகளைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அங்கே போக நான் பதிவு செய்த வாகனச் சேவை, பை பெரியது என்று இரண்டு முறை சொல்லியும் சின்னக் காரைத்தான் அனுப்பியது. பையை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வான் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பார்த்துத்தான் கரையைத் தெரிவு செய்ய வேண்டும். கிழக்கில் சித்திரையிலிருந்து புரட்டாதி வரை மழை குறைவு, கார்த்திகை மார்கழியில் மைதானம் ஊறிவிடும். தெற்குக்குத் தை, மாசி நல்லது.

சீனன்குடாவில் கடைசி நாள் என்னிடம் மிச்சமிருந்த பந்துகளைத் தம்பியிடம் கொடுத்தேன். "அடுத்த முறை சித்திரையில வாங்கோ அண்ணை, கச்சானுக்கு முதல்" என்றான். சித்திரைக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.