சுற்றுலா ரசிகரை எங்கே உட்கார வைப்பது? ஆன்ஃபீல்ட், கேம்ப் நூ, டார்ட்மண்ட் – ஓர் அலசல்

ஐரோப்பியக் கால்பந்து மைதானங்களில் சத்தம் செத்துவிட்டது, எல்லாம் டூரிஸ்டுகளால் வந்த வினை என்று புலம்பாத உள்ளூர் ரசிகர் இன்று அபூர்வம். புலம்பலில் பாதி நியாயம் உண்டு. 2011-ல் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டவரில் சுமார் 9 லட்சம் பேர் ஏதாவதொரு கால்பந்து ஆட்டத்தை நேரில் பார்த்தார்கள். 2019-ல் அந்தக் கணக்கு 15 லட்சத்தைத் தொட்டது. ஆனால் ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கும் வெளிநாட்டுக்காரர்கள், முக்கியமாக இங்கிலாந்துக்காரர்கள், விமானம் ஏறிப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். அங்கே சத்தம் குறையவில்லை. பார்சிலோனாவிலோ கிளப்பின் சொந்தக்காரர்களே ரசிகர்கள்தான், சீசன் டிக்கெட்காரர்களும் ஏராளம். அப்படியிருந்தும் சொந்த மைதானத்தில் சிறுபான்மைபோல நிற்கும் நிலை அவர்களுக்கு வந்தது. வருகிறவர் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. காலியாகும் ஓர் இருக்கை எந்த வழியாக யார் கைக்குப் போகிறது, அது மைதானத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாட்டு எங்கே அறுகிறது

கோஷத்தைக் கிளப்ப ஒருவர் போதும். அது நிலைக்க, முதல் அடி முடிவதற்குள் சுற்றியிருக்கும் இரண்டு மூன்று வரிசையாவது சேர்ந்துகொள்ள வேண்டும். எண் போட்ட இருக்கைகளில் பக்கத்தில் யார் என்பதை டிக்கெட்தான் முடிவு செய்கிறது. இருபது பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாறு பேருக்கு வரி தெரியாவிட்டால், தெரிந்தவரும் கூச்சப்பட்டு இரண்டாவது அடியில் நிறுத்திவிடுவார்.

அடுத்தது கை. லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் ஆட்டம் தொடங்கும் முன், கோப் என்று அழைக்கப்படும் கோலுக்குப் பின்னால் உள்ள ஸ்டாண்ட் மொத்தமும் எழுந்து, ஸ்கார்ஃபைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்துப் பாடும். ஸ்கார்ஃப் பிடிக்க இரண்டு கை வேண்டும். தட்டவும் இரண்டு கை வேண்டும். ஒரு கையில் போன் இருந்தால் இரண்டும் நடக்காது. தன் கரகரப்பு பதிவில் விழக் கூடாது என்று வீடியோ எடுப்பவர் வாயையும் மூடிக்கொள்வார். இப்படி நாலு பேர் அடுத்தடுத்து நின்றால் அந்த வரிசையில் ஓர் ஓட்டை. ஸ்டாண்டின் நடுவில் பல ஓட்டைகள் விழுந்தால் இடப்பக்கம் ஒரு பாட்டு ஓடும், வலப்பக்கம் அதே பாட்டு அரை அடி பின்தங்கி ஓடும், கொஞ்ச நேரத்தில் இரண்டும் நின்றுவிடும்.

மூன்றாவது விஷயம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. பழைய ரசிகர் கோலுக்காக மட்டும் கத்துவதில்லை. தன் அணியின் பின்கள வீரர் பந்தை எதிராளியின் மேல் பட வைத்து த்ரோ-இன் வாங்கினால்கூடக் கைதட்டுவார். 0-0 என்று 60 நிமிடம் இழுக்கும்போது அணிக்குத் தேவைப்படுவது அந்தச் சத்தம்தான். சீசனுக்கு ஒரே ஆட்டம் பார்க்க வந்தவர் கோலுக்குக் காத்திருப்பார். அது குற்றமில்லை, ஆனால் மைதானம் அந்த நேரத்தில் அமைதியாகிவிடும்.

எல்லாப் பழியையும் வெளிநாட்டவர் தலையில் போடுவதும் சரியில்லை. மான்செஸ்டர் யுனைடெட் கேப்டன் ராய் கீன் சொந்த ரசிகர்களைப் பார்த்து இறால் சாண்ட்விச் தின்கிறவர்கள் என்று சீறியது 2000 நவம்பரில். அவர் திட்டியது பெட்டி இருக்கைகளில் உட்கார்ந்த கம்பெனி விருந்தாளிகளை. வெளிநாட்டுப் பயணிகளை அல்ல.

ஆன்ஃபீல்ட்: குலுக்கல்

ஷெஃபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1989 ஏப்ரல் 15 அன்று நடந்த நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிர் போனது. அதை விசாரித்து அதன்பின் வந்த டெய்லர் அறிக்கை, பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை என்றது. கோப்பில் நின்று பார்ப்பது 1994 ஏப்ரலோடு முடிந்தது. ஒரு காலத்தில் 28,000 பேர் நின்ற இடம், இன்று ஏறக்குறைய 12,000-13,000 இருக்கை. இப்போது கம்பி பொருத்திய இருக்கைகள் வந்து, எழுந்து நிற்பது பழையபடி சாத்தியமாகியிருக்கிறது. ஆனால் ஒருவருக்கு ஓர் எண் என்பது மாறவில்லை. நண்பர்கள் பத்துப் பேர் ஒரே இடத்தில் கூடி நிற்கும் பழைய வழக்கம் திரும்பவில்லை.

மைதானத்தில் இன்று 61,000-க்குச் சற்று அதிகமான இடம். சீசன் டிக்கெட் பாதிக்கும் குறைவு. மிச்சத்தில் எதிரணிப் பங்கும், விருந்தோடு சேர்த்து விற்கும் ஹாஸ்பிடாலிட்டி இருக்கைகளும் போக, உறுப்பினர் குலுக்கல். உறுப்பினராக எந்த நாட்டில் இருந்தாலும் சரி, சந்தா கட்டினால் போதும். குலுக்கலில் விழும் இருக்கை கோப்பின் நடுவிலும் இருக்கலாம், மெயின் ஸ்டாண்டின் உச்சியிலும் இருக்கலாம். சிக்கல் இங்கேதான். யார் எங்கே என்பதைக் குலுக்கல் பார்ப்பதில்லை. பாடத் தெரியாதவர் பாடும் இடத்தில் விழுகிறார், பாட ஆசைப்படுபவர் அமைதியான மூலையில் விழுகிறார்.

உள்ளூர் ரசிகர்கள் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புதிய மெயின் ஸ்டாண்டில் 77 பவுண்டு டிக்கெட் என்று அறிவித்ததும், 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் 77-வது நிமிடம் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை, முடிந்தபோது 2-2. சில நாளிலேயே உரிமையாளர்கள் இறங்கிவந்து உச்ச விலையை 59 பவுண்டிலேயே நிறுத்தினார்கள். லிவர்பூல் வட்டார அஞ்சல் குறியீடு உள்ளவர்களுக்கென்று ஒரு பங்கும், 9 பவுண்டு டிக்கெட்டும் அந்த இறங்கிவந்த திட்டத்தில் இருந்தவை. நல்ல ஏற்பாடு, ஆனால் சிறியது.

மான்செஸ்டர் யுனைடெட்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 2024 நவம்பரில், சீசன் நடுவிலேயே, மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டின் குறைந்தபட்ச விலையை 66 பவுண்டு என்றார்கள். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை தரவில்லை. அப்பா-மகன் இருவர் 132 பவுண்டு கொடுத்து மாதம் இரண்டு முறை வர மாட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருபவர் கொடுத்துவிடுவார். பாடும் அடுத்த தலைமுறை கையைவிட்டுப் போகும் வழி இது.

இங்கிலாந்திலேயே இதற்கு மாற்றுமருந்து ஒரு மூலையில் இருக்கிறது: எதிரணி ரசிகர் பகுதி. அதிகபட்சம் 3,000 இடம் அல்லது மைதானக் கொள்ளளவில் 10 சதவீதம், எது குறைவோ அது. விலை 2016-17 முதல் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. பல கிளப்புகளில் டிக்கெட், இதுவரை எத்தனை வெளியூர் ஆட்டத்துக்குப் போனார்கள் என்ற கணக்குப்படி. ஆக, வருபவர் எல்லோரும் பழகிய கை. டிவியில் பிரீமியர் லீக் பார்க்கும்போது 3,000 பேரின் சத்தம் 50,000 பேரை அமுக்குவது ஏன் என்பதற்கு வேறு ரகசியம் இல்லை.

கேம்ப் நூ: காலி இருக்கையை விற்பது

பார்சிலோனாவின் மைதானமான பழைய கேம்ப் நூவில் 99,354 இடம். அதில் சீசன் டிக்கெட் மட்டும் 85,000-ஐ ஒட்டி. எண்ணிக்கையைப் பார்த்தால் உள்ளூர்க் கோட்டை. ஓட்டை விழுந்தது வேறு இடத்தில். வர முடியாத உறுப்பினர் தன் இருக்கையைக் கிளப்புக்கு விட்டுக்கொடுக்கலாம். கிளப் அதை விற்று, விற்றதில் ஒரு பங்கை அவர் கணக்கில் சேர்க்கும். உறுப்பினருக்கு லாபம், கிளப்புக்கும் லாபம். சின்ன அணி வரும் ஆட்டங்களையெல்லாம் விட்டுக்கொடுத்தால் சீசன் டிக்கெட் காசில் நல்ல பகுதி திரும்பிவிடும். ஆனால் அப்படி விற்கும் இருக்கை ஸ்டாண்ட் முழுவதும் தூவினாற்போல் கிடக்கிறது. ராம்ப்ளா தெருவில் நடந்துகொண்டிருந்தவர் இரவு ஆட்டத்துக்கு போனிலேயே டிக்கெட் வாங்கி, முப்பது வருடமாக ஒருவர் உட்கார்ந்த இடத்தில் போய் உட்காரலாம்.

இதன் விளைவு ஒரே இரவில் அம்பலமானது. 2022 ஏப்ரல் 14, யூரோப்பா லீக் காலிறுதி, எதிரணி ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட். அன்று பெரிய வியாழன். ஈஸ்டர் விடுமுறைக்குப் பார்சிலோனாக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்பியிருந்த நேரம். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஒதுக்கியது 5,000 டிக்கெட். உள்ளே இருந்தவர்களோ சுமார் 30,000 பேர், பெரும்பாலும் வெள்ளைச் சட்டையில். 90 நிமிடம் ஆகும்வரை 0-3, கடைசியில் 2-3. பந்து பார்சிலோனா காலுக்குப் போகும்போதெல்லாம் விசில் காதைக் கிழித்தது. தலைவர் லாப்போர்தா வெட்கமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதன்பின் ஐரோப்பிய ஆட்டங்களுக்குப் பெயர் பதித்த டிக்கெட் என்று கொண்டுவந்தார்கள்.

பெயர் பதிப்பதால் எதிரணிக்காரர் கூட்டமாக நுழைவதைத் தடுக்கலாம். அமைதியாக உட்கார்ந்து படம் எடுப்பவரைத் தடுக்க முடியாது. அவரும் தன் பெயரில்தானே வாங்குகிறார்? மைதானப் புதுப்பிப்புக்காக 2023-ல் மொன்ஜுயிக் குன்றுக்குப் போனபோது நிலைமை இன்னும் மோசமானது. ஓட்டப்பாதை சுற்றிவந்த ஒலிம்பிக் மைதானம், ஏற வேண்டிய மலை, முதல் சீசனில் சீசன் டிக்கெட் எடுத்தவர்கள் 20,000-க்கும் குறைவு. மிச்சம் பெரும்பாலும் பயணிகள். 2024 கடைசியில், கட்டாத அபராதத் தொகை ஒன்றைக் காரணம் காட்டி பாடும் ரசிகர் பகுதியையும் கிளப்பே மூடியது. இருந்த கொஞ்ச சத்தத்தையும் தானே அணைத்த கிளப்.

டார்ட்மண்ட்: தொட முடியாத ஸ்டாண்ட்

டார்ட்மண்டின் வெஸ்ட்ஃபாலன் மைதானத்தில் 81,365 பேருக்கு இடம். தெற்கு ஸ்டாண்ட் மட்டும் 24,454 பேர் நிற்கும் இடம். சீசன் டிக்கெட் சுமார் 55,000. தெற்கு ஸ்டாண்டுக்கு அது 250 யூரோவை ஒட்டி. 17 லீக் ஆட்டத்துக்குப் பிரித்தால் ஆட்டத்துக்கு 15 யூரோ. இந்த விலையில் அதை யாரும் விடுவதில்லை, விட்டாலும் மாமன் மகனுக்கோ பக்கத்து வீட்டுப் பையனுக்கோ போகும். பார்சிலோனாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இங்கேதான்: காலி இடம் சந்தைக்கு வருவதற்கு முன் தெரிந்தவர் கைக்குப் போய்விடுகிறது, வருபவர் பாட்டோடு வருகிறார்.

இருக்கை எண் இல்லாததும் பெரிய உதவி. டிக்கெட்டில் இருப்பது பிளாக் மட்டும். கீழே நடுவில் 12, 13-ஆம் பிளாக்குகளில் அல்ட்ரா எனப்படும் தீவிர ரசிகர் குழுக்கள். முன்னால் மேடையில் ஒருவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி ஒலிபெருக்கியில் பாட்டைத் தொடங்குவார், பின்னால் மேளம். வரி தெரியாதவர் தானாகவே ஓரத்துக்குப் போய்விடுவார். நடுவில் நிற்க அவருக்கே சங்கடமாக இருக்கும். கொடி கண்ணை மறைக்கும், கோல் விழுந்தால் பியர் தலையில் கொட்டும். சுற்றுலா ரசிகருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கிழக்கு, மேற்கு ஸ்டாண்டின் இருக்கைகள். அங்கிருந்து தெற்கு ஸ்டாண்டைப் படம் எடுக்கலாம், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அந்த இருக்கைகளின் விலைதான் மலிவான தெற்கைத் தாங்குகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு விலை உண்டு. ஐரோப்பியப் போட்டிகளில் எல்லோருக்கும் இருக்கை என்ற விதி இருந்தவரை, தெற்கில் இருக்கை பொருத்தி மைதானத்தை 66,000-க்குச் சுருக்க வேண்டியிருந்தது. 2022-ல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ சோதனையாக நிற்க அனுமதித்த பிறகே அது தீர்ந்தது. ஜெர்மன் ரசிகர்கள் சாதுக்களும் இல்லை. 2024 பிப்ரவரியில் லீக்குக்கு வெளி முதலீட்டாளரைக் கொண்டுவரும் திட்டத்தை, மைதானத்தில் டென்னிஸ் பந்து வீசி ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தியே கைவிட வைத்தார்கள். ஓட்டுரிமையில் பெரும்பான்மை உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்ற 50+1 விதியைப் பலரும் இதற்கெல்லாம் காரணமாகச் சொல்வார்கள். அதற்குப் பங்கு உண்டு. ஆனால் முழுக்க உறுப்பினர்களுடையதான பார்சிலோனாவால் சத்தத்தைக் காப்பாற்ற முடியவில்லையே. உரிமை யாருடையது என்பதைவிட, மலிவாக நிற்கும் இடம் இருக்கிறதா என்பதுதான் மைதானத்தில் காதுக்குக் கேட்கிறது.

போகிறவர் எதைத் தேர்ந்தெடுப்பது

டிக்கெட் எளிதில் கிடைப்பது பார்சிலோனா: கிளப் தளத்தில் சில நாளுக்கு முன்புகூட வாங்கலாம். சூழல் வேண்டுமென்றால் டார்ட்மண்ட். கிளப்பின் அதிகாரபூர்வ மறுவிற்பனையைத் தொடர்ந்து பார்க்க வேண்டும், சிறிய அணி வரும் ஆட்டமாகப் பிடிப்பது நல்லது. டிக்கெட்டிலேயே வட்டாரப் போக்குவரத்தும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யு45, யு46 ரயில்கள் மைதானம்வரை போகும். ஆன்ஃபீல்டுக்கு முந்தைய கோடையிலேயே உறுப்பினராகிக் குலுக்கலில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஹாஸ்பிடாலிட்டி, அதாவது சில மடங்கு காசு.

கள்ளச்சந்தையில் வாங்கும் யோசனையே வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்து டிக்கெட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 சட்டப்படி குற்றம். டிக்கெட் இப்போது போனில் பாஸாக வருவதால், விற்றவர் நடுவழியில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கிளப்பும் கண்டுபிடித்தால் முடக்கிவிடும். கேட்டில் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு பேசிப் பயனில்லை.

விமான டிக்கெட்டை ஆட்ட நாளை ஒட்டி எடுக்காதீர்கள். டிவிக்காக சனி ஆட்டம் ஞாயிறுக்கோ திங்களுக்கோ போகும், அறிவிப்பு சில வாரம் முன்புதான் வரும். பை ஏ4 அளவுக்கு மேல் வேண்டாம். எதிரணி நிறத்தில் சொந்த ரசிகர் பகுதிக்குள் போனால் வெளியே அனுப்புவார்கள். வாசலில் விற்கும், இரண்டு அணியின் நிறமும் சேர்ந்த பாதி-பாதி ஸ்கார்ஃபை வாங்குவதாயிருந்தால் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பியரை ஸ்டாண்டுக்கே கொண்டுபோகலாம். இங்கிலாந்தில் ஸ்டாண்டிலோ, ஆடுகளம் கண்ணில் படும் இடத்திலோ குடிப்பது 1985 முதல் சட்டவிரோதம்.

எதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே வழி உண்டு. மெர்ஸி ஆற்றுக்கு அக்கரையில் பர்கன்ஹெட்டில் டிரான்மியர் ரோவர்ஸ் ஆடும் பிரெண்டன் பார்க்; டார்ட்மண்டில் பெரிய மைதானத்தை ஒட்டியே கிளப்பின் இரண்டாம் அணி ஆடும் ரோட்டே எர்டே.